நாற்பத்தேழாம் வினாவின் சரியான விடை

ஒரு நாட்டில் தனிமனித சுதந்திரம் பத்திரமாக இருக்க வேண்டுமென்றால், அதைப் பற்றிக் கேள்வி எழுதுகிறவரை முதலில் பிடித்து ஓர் அறையில் பூட்ட வேண்டும். இந்த உண்மையை உலகுக்கு உணர்த்திய பெருமை தேர்வாணையத்தின் 'இரகசியப் பிரிவு'க்கே சேரும். வெளியே விட்டால் கேள்வி கசியும். கேள்வி கசிந்தால் தகுதியில்லாதவர்கள் பதவிக்கு வந்துவிடுவார்கள். இன்று பதவியில் இருப்பவர்கள் அத்தனை பேரும் தகுதியானவர்கள் என்பதால், இந்த ஏற்பாடு பிரமாதமாக வேலை செய்கிறது என்று தெரிகிறது.

அரசியல் அறிவியல் விரிவுரையாளரையும் அப்படித்தான் பூட்டினார்கள். முப்பத்து நான்கு வயது. கல்லூரியில் பதினொரு வருடமாக அடிப்படை உரிமைகளை நடத்துகிறவர். அச்சகத்தின் முதல் மாடியில் ஓர் அறை. ஒரு கட்டில், ஒரு மேசை, உள்ளேயே குளியலறை, வெளியே தெரியாதபடி பச்சைப் பெயின்ட் அடித்த ஜன்னல், நிமிஷம் தவறாத ஒரு சுவர்க் கடிகாரம். அவருடைய கைப்பேசியை உறையில் போட்டு, அரக்கு உருக்கி முத்திரை வைத்தார் பிரிவு அலுவலர். வீட்டுச் சாவிக்கும் அரக்கு. பாதி தீர்ந்த மிட்டாய்ப் பொட்டலத்துக்கும் அரக்கு. அச்சகத்தில் அவருக்குப் பெயரே 'அரக்கு சார்'.

"பதினோரு நாள்தான் மேடம். கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள போயிடும்."

"சார், எனக்குக் கல்யாணம் இருக்கு. பதிவுத் திருமணம். நோட்டீஸ் கொடுத்தாச்சு. மூணு மாசத்துக்குள்ள முடிக்கலைன்னா அது காலாவதி. கடைசி நாள் பதினெட்டாம் தேதி, வெள்ளிக்கிழமை."

"நீங்க வெளிய வந்த அப்புறம் ஒரு மாசம் இருக்கே. நிதானமா பண்ணிக்குங்க."

மூன்று மாதக் கெடு சட்டத்தினுடையது மட்டும் அல்ல. இரண்டு வீட்டிலும் சம்மதம் வாங்க ஆறு வருடம் ஆகியிருந்தது. மாப்பிள்ளையின் அம்மா கடைசியில் தலையை ஆட்டியது, நோட்டீஸ் கொடுத்த அந்த வாரம்தான். தேதி தவறினால் அந்தத் தலை அடுத்து எந்தப் பக்கம் ஆடும் என்று அவர் பெற்ற பிள்ளைக்கே தெரியாது.

அந்தப் பிள்ளை பல் மருத்துவர். விரிவுரையாளரை உள்ளே விட வந்த அன்று அச்சக வாசலில் ஸ்கூட்டரோடு நின்றிருந்தார்.

"டீச்சர், கேள்வியைக் கொஞ்சம் சுலபமா எழுதுங்க. மூணு லட்சம் பேரு பல்லைக் கடிச்சா நான் ஒருத்தன் என்ன பண்ணுவேன்?"

சிரித்துக்கொண்டே மாடி ஏறிய விரிவுரையாளர், 'என் நடமாடும் சுதந்திரத்தை மனமுவந்து ஒப்படைக்கிறேன்' என்ற படிவத்தில் சிரித்துக்கொண்டே கையெழுத்தும் போட்டார்.

தேர்வாணையம் எதையும் அவசரப்பட்டுச் செய்யாது. தேர்வு முதல்முறை தள்ளிப்போனதற்குக் காரணம், தேர்வுக்கூட மேசைகள் விதியில் சொன்ன அகலத்தைவிட இரண்டு விரற்கடை குறைவு. இரண்டாம் முறை, மூன்று லட்சம் நுழைவுச்சீட்டுகளிலும் அரக்கு சாரின் புகைப்படமே அச்சாகிவிட்டது. மாதிரிக்கு அவர் கொடுத்த படம் அது. "நல்லா விழுந்திருக்கு" என்று அவர் ஒரு சீட்டைத் தன் பையில் வைத்துக்கொண்டார்.

இருபதாம் நாள் விரிவுரையாளர் பொறுமை இழந்தார்.

"சார், அரசியலமைப்புச் சட்டம் இருபத்தொன்றாம் பிரிவு என்ன சொல்லுது தெரியுமா?"

அரக்கு சார் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "சொல்லாதீங்க மேடம். அது வினாத்தாள்ல வரலாம். எனக்குத் தெரிஞ்சா அது கசிவு."

"ஆட்கொணர்வு மனு போடணும். பேப்பர் குடுங்க."

"தாராளமா எழுதுங்க. ஆனா எழுதினது எதுவும் வெளிய போகக் கூடாது."

"சரி, ஒரு வக்கீலை உள்ள விடுங்க."

"விடலாம் மேடம். அப்புறம் அவரும் வெளிய போக முடியாது."

போகும்போது புதிய சுற்றறிக்கை ஒன்றை மேசையில் வைத்துவிட்டுப் போனார். இனித் தேர்வு முடிந்தால் போதாது. 'இறுதி விடைக்குறிப்பு' வெளியாகும்வரை வினா எழுதியவர் உள்ளேயே இருக்க வேண்டும்.

கதவுக்கு வெளியே ஸ்டூலில் காவலாளி உட்கார்ந்திருப்பார். நாற்பதை நெருங்கியவர். இதே தேர்வை ஏழாவது முறையாக எழுதப் போகிறார். வயது வரம்புப்படி இதுதான் கடைசி. சாவிக்கொத்து மடியில், வழிகாட்டிப் புத்தகம் கையில். நாள் முழுக்க அவர் படிப்பது உள்ளே கேட்கும். "பிரிவு பதினாலு, சமத்துவம். பிரிவு பத்தொம்போது, நடமாடும் சுதந்திரம். நடமாடும் சுதந்திரம், பிரிவு பத்தொம்போது." நடுநடுவே எழுந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார்.

முப்பதாம் நாள் விரிவுரையாளருக்கு ஒன்று விளங்கியது. அந்த அறையிலிருந்து வெளியே போக அனுமதி உள்ள எழுத்து ஒன்றே ஒன்றுதான். வினாத்தாள்.

பழைய வினாத்தாள் 'ஆறிப்போய்விட்டது' என்று புதிதாக நூறு வினாக்கள் கேட்டிருந்தார்கள். அவர் நாற்பத்தேழாம் வினாவை இப்படி எழுதினார்:

'47. விரிவுரையாளர் ஒருவர், தாமே கையெழுத்திட்டுக் கொடுத்த சம்மதத்தின் பேரில், முப்பது நாள்களாக ஓர் அச்சகத்தின் முதல் மாடி அறையில் பூட்டப்பட்டிருக்கிறார். பதினெட்டாம் தேதி காலை பதினொரு மணிக்கு அவருக்குப் பதிவாளர் அலுவலகத்தில் திருமணம். பின்வருவனவற்றுள் சரியானது எது?

(அ) கையெழுத்துப் போட்டதால் உரிமை போய்விட்டது.
(ஆ) அடிப்படை உரிமையைக் கையெழுத்துப் போட்டுக் கைவிட முடியாது. கதவை உடனே திறக்க வேண்டும்.
(இ) திருமணத்தைத் தள்ளிப்போடலாம்.
(ஈ) அ மற்றும் இ.'

அரக்கு சார் தாளை வாங்கிச் சரிபார்த்தார். வினாவைப் படிப்பது இரகசிய மீறல் என்பதால் சரிபார்க்கும் அதிகாரி அதைப் படிப்பதில்லை, எண்ணுவார். நூறு இருந்தது. அரக்கு வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை தேர்வு நடந்தது. காவலாளிக்கு அன்று விடுப்பு. அரக்கு சாரே ஸ்டூலில் உட்கார்ந்து பூட்டை இழுத்துப் பார்த்துக்கொண்டார். உள்ளே விரிவுரையாளர் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது மூன்று லட்சம் பேர் படிக்கிறார்கள். அச்சகம், முதல் மாடி, தேதி, மணி எல்லாம் இருக்கிறது. ஒருவருக்காவது உறைக்காதா?

திங்களன்று அரக்கு சார் ஒரு காகிதக் கட்டை மூச்சு வாங்கத் தூக்கி வந்தார்.

"ஆயிரத்து நானூத்திப் பன்னெண்டு மனு மேடம். எல்லாம் உங்க நாப்பத்தேழைப் பத்தி."

விரிவுரையாளருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. கட்டைப் பிரித்தார்.

'விடை ஆ என்பது சரியே. எனினும் என் வழிகாட்டி நூலின் இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் "உடனே" என்ற சொல் இல்லை. எனவே ஒரு மதிப்பெண் வழங்குக.'

'முப்பது நாள் என்று இருப்பதால் நான் இதைக் கணக்கு என நினைத்துப் பத்து நிமிடம் வீணாக்கினேன். ஈடாகப் பத்து நிமிடம் தரவும்.'

'விரிவுரையாளர் ஆணா பெண்ணா என்று வினாவில் இல்லை.'

ஆயிரத்து நானூற்றுப் பதினொன்று இந்த வகை. கடைசி மனு மட்டும் கிறுக்கலான மருத்துவர் கையெழுத்தில் இருந்தது. 'பதிவு எண்: இல்லை. நாளிதழில் வினாத்தாளைப் பார்த்தேன். டீச்சர், வினாவில் ஒரு தகவல் விட்டுப்போயிருக்கிறது. மாப்பிள்ளை வெள்ளிக்கிழமை காலை அச்சக வாசலுக்கு ஸ்கூட்டரோடு வந்துவிடுவார். பதிவாளர் அலுவலகம் இருபது நிமிஷம்.'

அதன்மேல் அரக்கு சார் சிவப்பு மையில் எழுதியிருந்தார்: 'பதிவு எண் இல்லாததால் நிராகரிக்கப்படுகிறது.' விரிவுரையாளர் அதைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

புதன்கிழமை மூன்று பேர் கொண்ட 'வல்லுநர் குழு' அதே அறையில் கூடியது. மூவரும் கட்டிலில் உட்கார்ந்தார்கள், விரிவுரையாளர் நின்றார்.

"இந்த வினா நடைமுறைக்குப் பொருந்தலையேம்மா," என்றார் தலைவர். "அரசியலமைப்புச் சட்டம் அமல்ல இருக்கற நாட்டுல ஒருத்தரை முப்பது நாள் எப்படிப் பூட்டி வைக்க முடியும்?"

"சார், அது நான்தான். இன்னிக்கு முப்பத்தொன்பதாவது நாள். இதே அறை. நீங்க உக்காந்திருக்கறது என் கட்டில்."

தலைவர் கனிவாகப் பார்த்தார். "சொந்த அனுபவத்தை ஆதாரமா எடுத்துக்க முடியாதும்மா. பாடநூல்ல எங்கயாவது இருக்கா?"

இல்லை என்று குறித்துக்கொண்டார்கள். 'வினா முற்றிலும் கற்பனையானது' என்று நாற்பத்தேழு ரத்து செய்யப்பட்டது. எழுதியவர், எழுதாதவர், தூங்கியவர் எல்லோருக்கும் ஒரு மதிப்பெண். உரிமையை இவ்வளவு சமமாகப் பங்கிட்டவர்கள் வரலாற்றில் குறைவு.

விரிவுரையாளருக்கு வருத்தமில்லை. வழக்கு தீர்ந்துவிட்டதே. வெள்ளி காலை ஒன்பது மணிக்கு இறுதி விடைக்குறிப்பு. ஒன்பதே காலுக்குக் கதவு திறக்கும் என்று அரக்கு சாரே சொல்லிவிட்டார். வியாழன் மாலையே பையைக் கட்டி வாசலோரம் வைத்தார்.

வெள்ளி. ஒன்பதே கால் ஆயிற்று. ஒன்பதரை. ஒன்பதே முக்காலுக்குக் கதவு திறந்தது. காவலாளி ரொட்டியும் டீயும் வைத்த தட்டோடு நின்றார். முகத்தில் அப்படி ஒரு களை.

"மேடம், நாப்பத்தேழுக்கு நான் என்ன போட்டேன் தெரியுமா? ஆ."

"சரியான விடை."

"ஏழு தடவை எழுதிட்டேன் மேடம். எழுதினவங்க வாயாலயே சரின்னு கேக்கறது இதான் முதல் தடவை."

"நல்லது. நகருங்க, நான் கிளம்பறேன். ஒம்பதே காலுக்கே விட்டிருக்கணும்."

"அதைத்தான் நிறுத்திட்டோமே மேடம்."

"யாரு நிறுத்தினது?"

"நாங்கதான். சரியா எழுதினவங்க. எல்லாருக்கும் ஒரு மார்க்குன்னா விழுந்து விழுந்து படிச்சவனுக்கு என்ன மரியாதை? பிரிவு பதினாலு எதுக்கு இருக்கு? நேத்தே மனு கொடுத்துட்டோம். முதல் கையெழுத்து என்னோடது. இறுதி விடைக்குறிப்பை நிறுத்தி வெச்சிருக்காங்க."

"அது வராட்டி எனக்குக் கதவு திறக்காதே."

"ஆமா மேடம்," என்றார் காவலாளி. அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. "அது விதி."

"சரியான விடை 'ஆ'ன்னு நீங்கதானே போட்டீங்க? கதவை உடனே திறக்கணும்னு?"

"அது தேர்வு மேடம். இது டியூட்டி."

தட்டை மேசையில் வைத்து, வெளியே போய், சத்தம் வராமல் பூட்டினார். பழக்கப்படி ஒருமுறை இழுத்தும் பார்த்தார்.

பத்தரை மணிக்குத் தெருவில் இரைச்சல் கேட்டது. விரிவுரையாளர் தேக்கரண்டியின் காம்பால் ஜன்னல் பெயின்ட்டைச் சுரண்டினார். மேல் பலகையைத் தள்ளினால் இரண்டு விரல் அகலம் திறந்தது. கீழே கண்ணுக்கெட்டிய தூரம் ஜனம். ஒவ்வொருவர் கையிலும் ஓர் அட்டை. ஒவ்வோர் அட்டையிலும் கொட்டை எழுத்தில், 'கதவை உடனே திறக்க வேண்டும்.'

அவருக்கு ஒரு நிமிஷம் அந்தக் கூட்டத்தையே கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது. பிறகுதான் அட்டையின் அடியில் சின்ன எழுத்தில் இருந்ததைப் படித்தார்: 'இதுவே சரியான விடை. மதிப்பெண் எங்களுக்கு மட்டுமே.'

நடுவில் ஒருவர் மட்டும் அட்டை இல்லாமல், சலவைச் சட்டையோடு, ஸ்கூட்டரை உருட்டவும் முடியாமல் நிறுத்தவும் முடியாமல் மாட்டிக்கொண்டிருந்தார். எல்லோரும் கோஷம் முழங்கிய ஒலிபெருக்கியைப் பார்க்க, அவர் மட்டும் ஜன்னலைப் பார்த்தார். விரிவுரையாளர் இடுக்கு வழியாக இரண்டு விரலை நீட்டி ஆட்டினார். பல் மருத்துவர் முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்தார்.

"இங்க வழியை விடுங்க," என்றார் பக்கத்தில் இருந்தவரிடம். "மணி பதினொண்ணு ஆகப் போகுது."

"வரிசையில நில்லுங்க சார். உங்க பதிவு எண் என்ன?"

"நான் தேர்வு எழுதலைங்க. உள்ள இருக்கறவங்களைக் கூட்டிட்டுப் போக வந்தேன்."

அட்டைக்காரர் தன் அட்டையை ஒருமுறை பார்த்தார். மாடியைப் பார்த்தார். நிஜமான ஆச்சரியத்தோடு கேட்டார்:

"உள்ள யாராவது இருக்காங்களா என்ன?"