விளக்குக் கழகத்தின் பெட்டிகள் வீட்டை விட்டுப் போன விதம்

ஓல்சன் மேடு, விஸ்கான்சின்
நவம்பர், முதல் பனி விழுந்த வாரம்

அன்பு மகள் சிக்னேவுக்கு அப்பா எழுதுவது.

இங்கே நானும் உன் அம்மாவும் சுகம்; அங்கே ஒரிகன் மழையில் நீயும் மாப்பிள்ளை லைலும் குழந்தை இங்கரும் சளி பிடிக்காமல் சுகமாக இருக்க வேண்டும் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதியாகிவிட்டது. இனி நடந்ததை எழுதுகிறேன். படித்து முடித்ததும் இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு. உன் அம்மாவோடு தொலைபேசியில் பேசும்போது இதில் உள்ளது ஒரு வார்த்தைகூட வாய் தவறி வந்துவிடக் கூடாது. வந்தால் நான் கார்க் கொட்டகையில்தான் குடியிருக்க வேண்டும். ஏற்கெனவே பாதி நாள் அங்கேதான் குடியிருந்தேன், அதையும் சொல்கிறேன்.

உன் அம்மாவின் விளக்குக் கழகம் உனக்கு நினைவிருக்கும். கல்வித்துறையில் நல்ல மதிப்பெண் வாங்கிய மாணவர்களைப் பொறுக்கியெடுத்து மெழுகுவர்த்தி கொடுத்து உறுதிமொழி சொல்ல வைப்பார்களே, அதுதான். அதற்கு மூன்று கிரேக்க எழுத்தில் ஒரு பெயர் உண்டு. கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பெயரைச் சரியாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை என்பதால் நான் வைத்த பெயர் விளக்குக் கழகம். உன் அம்மா, பேராசிரியை லெனோரா ஹால்வர்சன்தான் ஓய்வு பெறும் வரைக்கும் அதற்கு ஆலோசகர் என்று ஊருக்கே தெரியும். இப்போது சேர ஆளில்லை என்று பல்கலைக்கழகத்தில் அதை மூடிவிட்டார்கள். கழகத்தின் அறையில் கணிப்பொறி வைக்கப் போகிறோம், அலமாரியைக் காலி செய்யுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். உன் அம்மா என்னையும் என் பழைய பிக்கப் வண்டியையும் அழைத்துக்கொண்டு போய்ப் பெட்டி பெட்டியாக வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். கூட்டக் குறிப்புகள், உறுப்பினர் பட்டியல்கள், விருந்து அழைப்பிதழ்கள், யாரோ யாருக்கோ வாங்கிச் சட்டையில் குத்தாமல் விட்ட கழகச் சின்னங்கள், எல்லாவற்றுக்கும் மேலாகப் புகைப்படங்கள். வெள்ளை உடுப்புப் போட்ட பெண்கள் கையில் மெழுகுவர்த்தியோடு நிற்கும் படங்கள். வருடம் மாறும், தலை அலங்காரம் மாறும், மெழுகுவர்த்தி மட்டும் மாறாது.

பல்கலைக்கழக ஆவணக் காப்பகத்திலிருந்து பிரிஸில்லா டோலன் என்று ஒரு பெண் வந்தாள். நம் இங்கர் வளர்ந்தால் அப்படி இருப்பாள், அவ்வளவு சுறுசுறுப்பு. "புரொபசர், எல்லாத்தையும் அப்படியே நாங்க எடுத்துக்கிறோம். நீங்க ஒண்ணும் சிரமப்பட வேண்டாம்" என்றாள். நான் கதவை அகலமாகத் திறந்துகூட வைத்துவிட்டேன். உன் அம்மா அதைச் சாத்தினாள். "அப்படியேன்னா? பின்னால பேர் எழுதாத படத்தை எல்லாம் அப்படியே கொண்டுபோயிடுவியா? இவங்க ஒவ்வொருத்தரும் யாருன்னு நான் சொல்லி நீ எழுதின பிறகுதான் ஒரு பெட்டி இந்த வாசலைத் தாண்டும்."

அன்றைக்குப் போனது நம் வீட்டின் சாப்பாட்டு மேசை. அடுத்த நாள் சோபா போனது. அதற்கடுத்து நான் போனேன். காகிதத்துக்குப் பக்கத்தில் காப்பி வரக் கூடாது, சூப் வரக் கூடாது, ஊறுகாய் மீன் இருக்கும் அறைக்குள்ளேயே வரக் கூடாது என்று பிரிஸில்லா சொன்னதை உன் அம்மா வேதவாக்காக எடுத்துக்கொண்டு எனக்குச் சாப்பாட்டைக் கார்க் கொட்டகைக்கு மாற்றிவிட்டாள். காரின் முன்மூடியின்மேல் தட்டை வைத்துக்கொண்டு நின்றபடியே சாப்பிட்டேன். எதிர்வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, வீட்டில் ஏதாவது மனஸ்தாபமா என்று மெதுவாக விசாரித்தார். இதற்கிடையில் துருப்பிடித்த காகிதக் கிளிப்புகளை உருவும் வேலை எனக்குத் தரப்பட்டது. ஆயுள் முழுக்கப் பால் கறக்கும் இயந்திரம் விற்றவன் நான், எத்தனையோ மாடுகளிடம் உதை வாங்கியிருக்கிறேன், ஒரு ஊசியும் போட்டுக்கொண்டதில்லை. ஒரு கிளிப் குத்தி, தனுர்வாத ஊசி போட்டுக்கொண்டு வந்தேன். "கிளிப் எங்க? ரத்தம் காகிதத்துல படலியே?" என்று கேட்டாள் உன் அம்மா. அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த ஆறுதல்.

முகங்களை அடையாளம் சொல்ல உதவிக்கு இரண்டு பழைய உறுப்பினர்கள் வந்தார்கள். ஒருவர் ஹில்டா பிரௌக்மன். ஊரில் பாதிப் பேருக்கு மூன்றாம் வகுப்பு எடுத்து, தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றவர். இன்னொருவர் அறிவியல் வாத்தியார் ராஸ்கோ பிம். இருவரும் ஒரே வருடம் மெழுகுவர்த்தி வாங்கியவர்கள். ஒத்துப்போனது அதில் மட்டும்தான்.

"இது லவோன் ஸ்டுப்," என்றார் ஹில்டா.

"லவோனுக்குக் கழுத்து இவ்வளவு நீளம் கிடையாது," என்றார் ராஸ்கோ.

"அவ கழுத்தை நீ எப்படா அளந்த?"

"கிளாஸ்ல அவளுக்குப் பின்னாலதானே உக்காந்திருந்தேன். படிப்பு முடியிற வரைக்கும் அந்தக் கழுத்தைத்தான் பாத்தேன். பாடத்தை யாரு பாத்தா?"

"அப்புறம் மார்க் எப்படி வாங்கின?" என்று கேட்டாள் உன் அம்மா.

"கழுத்துக்கு அந்தப் பக்கம் அவ எழுதுறதும் தெரியும்."

"கடவுளே! காப்பியடிச்சவனுக்கா நான் கழகத்துச் சின்னத்தைக் குத்திவிட்டேன்?"

பேனாவோடு உட்கார்ந்திருந்த பிரிஸில்லா தலையைத் தூக்கி, "புரொபசர், இதையும் எழுதிக்கணுமா?" என்று கேட்டாள். ராஸ்கோ வேண்டாம் என்றார். ஹில்டா கொட்டை எழுத்தில் எழுது என்றார்.

இப்படியே போயிருந்தால் வெறும் வாய்ச்சண்டையோடு முடிந்திருக்கும். ஆனால் கூட்டக் குறிப்புகளில் உறுப்பினர் சேர்க்கும் சடங்கைப் பற்றி எங்கே பார்த்தாலும் 'வழக்கம்போல் நடந்தது' என்று மட்டுமே எழுதியிருந்தது. வழக்கம் என்ன என்று எங்கும் இல்லை. அது ரகசியமாம். "இப்ப சொல்லலேன்னா யாருக்குமே தெரியாமப் போயிடும், புரொபசர்" என்று பிரிஸில்லா கெஞ்சினாள். உன் அம்மா, ஹில்டா, ராஸ்கோ மூவரும் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஆலோசித்தார்கள். வெளியே வந்து, சொல்ல மாட்டோம், ஆனால் செய்து காட்டுவோம் என்று தீர்ப்புச் சொன்னார்கள். போன ஞாயிறு, மத்தியான உணவுக்குப் பிறகு, திரைச்சீலையை இழுத்துவிட்டு, பிரிஸில்லா ஒலிப்பதிவுக் கருவியோடு உட்கார, நான் கழகத்தில் சேராதவன் என்பதால் வாசலோரமாக நிற்க அனுமதிக்கப்பட்டு, சடங்கு தொடங்கியது.

சிக்னே, கேலி செய்யத்தான் நின்றேன். ஆனால் உன் அம்மா பெரிய மெழுகுவர்த்தியிலிருந்து சின்னதைப் பற்றவைத்துக்கொண்டு, "எனக்குத் தெரிந்ததை எனக்குள் வைத்துக்கொள்ள மாட்டேன்" என்று ஆரம்பித்தபோது சாய்ந்திருந்த கதவை விட்டு நிமிர்ந்து நின்றுவிட்டேன். அவள் சுடரை ராஸ்கோவின் திரிக்குக் கொண்டுபோனாள். திரிக்குப் போகவில்லை. ஒரு சாண் தள்ளி, நன்றி சொல்லும் திருநாளுக்காக ஹில்டா கொண்டுவந்து வைத்திருந்த சோளத்தோகை மாலையில் போய் வைத்தாள். காய்ந்த தோகை குப்பென்று பிடித்தது. ராஸ்கோ கொல்லைப்புற வழியாக ஒளித்துக் கொண்டுவந்திருந்த காப்பியை அதன்மேல் ஊற்றினார். பிரிஸில்லா அலறினாள், தீயைப் பார்த்து அல்ல, காப்பியைப் பார்த்து; அலறிக்கொண்டே பெட்டிகளின்மேல் குறுக்கே படுத்துவிட்டாள். புகைமணி ஊளையிட்டது. எதிர்வீட்டுக்காரர், மனஸ்தாபம் முற்றிவிட்டது என்று நினைத்தாரோ என்னவோ, தீயணைப்புப் படையைக் கூப்பிட்டுவிட்டார்.

கோடாரியும் தலைக்கவசமுமாக முதலில் உள்ளே நுழைந்தவன் படைத்தலைவன் டுவேன் வோஸ்.

"டுவேன்! காலைத் துடைச்சிட்டு வா," என்றார் ஹில்டா.

"மேடம், தீ..."

"தீ அணைஞ்சு போச்சு. உன் பூட்ஸ்ல சேறு அப்படியே இருக்கு. எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?"

அத்தனை பெரிய ஆள் கோடாரியைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்குத் திரும்பிப் போய்க் காலைத் துடைத்தான். அவன் பின்னால் வந்த எல்லோரும் வரிசையாகத் துடைத்தார்கள். பிறகு, சடங்குக்காக உன் அம்மா செய்து வைத்திருந்த எலுமிச்சை கேக் முழுவதையும் தின்றுவிட்டுப் போனார்கள். நான் கொட்டகையில் நின்று சாப்பிட்ட அதே வீட்டில், நடுக்கூடத்தில் உட்கார்ந்து தின்றார்கள்.

எல்லோரும் போன பிறகு சாம்பலைக் கூட்டிக்கொண்டே கேட்டேன். "லெனோரா, ராஸ்கோ அங்க நிக்கிறான், நீ ஏன் மாலைகிட்டப் போன?"

"கை தவறிடுச்சு."

பனிக்கட்டிமேல் கார் ஓட்டும்போதுகூட உன் அம்மாவுக்குக் கை தவறி நான் பார்த்ததில்லை. துடைப்பத்தை வைத்துவிட்டு எதிரில் போய் உட்கார்ந்தேன். "என்னை நேராப் பாரு" என்றேன்.

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

"நீ என் காதைப் பாக்கிற."

மேசையில் சிந்தியிருந்த சாம்பலை விரலால் ஒதுக்கினாள். பிறகு, "உன் காதைப் பாத்தாத்தான் ஆர்விட், உன் மூக்கு தெரியுது" என்றாள். கண்ணின் நடுப்பார்வை போய்க்கொண்டிருக்கிறதாம். வசந்தத்திலேயே டாக்டர் சொல்லிவிட்டாராம். ஓரத்தில் இருப்பது தெரியும், எதைப் பார்க்க வேண்டும் என்று பார்க்கிறோமோ அதுதான் தெரியாதாம். திரும்ப வராதாம். படங்களை அவள் சாய்த்துச் சாய்த்துப் பார்த்ததை நான் ஏதோ பேராசிரியைத் தோரணை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா நீ எல்லா வேலையையும் நிறுத்தச் சொல்லுவ. இதுங்க எல்லாம் எங்கிட்டப் படிச்சுட்டு எந்தெந்த மூலைக்கோ போயி, யார் யாரோ பெத்த பிள்ளைங்களுக்கு எழுத்து சொல்லிக் கொடுத்ததுங்க. அதுங்க முகம் எனக்கு மட்டுந்தான் தெரியும். அது என் கண்ணுலேருந்து போறதுக்குள்ள பேரை எழுதி வச்சிடணும்னு பாத்தேன். இந்த வாரம் பாதிப் படத்துல எனக்கு முகமே தெரியல. வெறும் மெழுகுவத்திதான் தெரியுது." சொல்லிவிட்டு அழுதாள். உன் அம்மா அழுது நீ பார்த்திருக்க மாட்டாய். நானும் அதிகம் பார்த்ததில்லை. என்ன செய்வது என்று தெரியாமல் பக்கத்தில் கிடந்த ஒரு படத்தை எடுத்தேன்.

"இடதுகைப் பக்கம் முதல்ல நிக்கிறவ," என்றேன், "நெத்தி அகலம். கால் நல்ல உறுதி. எதுக்கும் மிரள மாட்டா. ஆனா வேலியைத் தாண்டுற ஜாதி."

கண்ணீரோடு சிரித்துவிட்டாள். "மாட்டைச் சொல்றியா, மனுஷியைச் சொல்றியா? அது இர்மா டெக்லின்! பரீட்சைக்கு முந்தின நாள் ஜன்னல் வழியாக் குதிச்சு டான்ஸுக்குப் போனவ! அடுத்தது யாரு, சொல்லு!"

அப்படித்தான் முடித்தோம் மகளே. நான் எனக்குத் தெரிந்த மொழியில் சொல்லச் சொல்ல, அவள் கண்ணை மூடிக்கொண்டு பெயர் பெயராகச் சொன்னாள், பிரிஸில்லா பகலில் வந்து எழுதிக்கொண்டாள். தாடை, தோள், நிற்கும் விதம், பக்கத்தில் இருப்பவளை இடிக்கிற முழங்கை. முகம் சொல்ல முடியாததை முழங்கை சொல்லிவிடுகிறது. சாப்பாடு அந்த மேசையிலேயே, பெட்டிகளுக்கு நடுவிலேயே. பிரிஸில்லா பார்க்காத வரைக்கும் பிழை இல்லை. ஒரு சிலருக்கு மட்டும் எவ்வளவு சொல்லியும் பெயர் வரவில்லை. அந்தப் படங்களை அவள் மடியில் வைத்துத் தடவிக்கொடுத்துவிட்டுக் கொடுத்தாள்.

நேற்று காப்பக வண்டி வந்தது. பெட்டிகள் போய்விட்டன. வீடு திடீரென்று பெரிதாகிவிட்டது. உன் அம்மா சன்னல் பக்கமாக உட்கார்ந்திருக்கிறாள், வெளியே பார்க்கிறாளா இல்லையா என்று எனக்கு இப்போது சொல்லத் தெரியவில்லை. ஆகையால் முடிவு செய்துவிட்டேன். இந்த வீட்டை விற்றுவிட்டு உன் பக்கமே வந்துவிடுகிறோம். உங்கள் கீழ் அறையைத் தயார் செய். லைலிடம் சொல்லி மாடிப்படிக்குக் கைப்பிடி போடச் சொல். உன் அம்மாவிடம் கண் விஷயம் உனக்குத் தெரிந்ததாகவே காட்டிக்கொள்ளாதே. "சிக்னேவுக்குத் தெரியவே கூடாது, தூரத்துல இருந்துக்கிட்டு மனசு கஷ்டப்படும்" என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள்.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. இங்கருக்கு இரண்டு கன்னத்திலும் முத்தம். உன் வகுப்புப் பிள்ளைகள் உன்னைப் படுத்தாமல் இருக்கவும், நீ தொட்டது எல்லாம் நல்லபடி நடக்கவும் ஆண்டவன் துணை நிற்கட்டும்.

உன்மேல் மாறாத பாசமுள்ள அப்பா,
ஆர்விட் ஹால்வர்சன்

பின்குறிப்பு: அறையைத் தயார் செய்யாதே. கைப்பிடியும் வேண்டாம். உறையை ஒட்டுவதற்குள் பிரிஸில்லா தொலைபேசியில் வந்தாள். செவிலியர் பள்ளி, விவாத மன்றம், பாடகர் குழு என்று பெயரில்லாத படங்கள் காப்பகத்தில் இன்னும் ஒரு அறை நிறைய இருக்கின்றனவாம். வியாழக்கிழமைதோறும் வர முடியுமா என்று கேட்டாள். உன் அம்மா தன் வாயாலேயே, "எனக்குக் கண்ணு தெரியாதும்மா" என்றாள். "அது பரவாயில்ல புரொபசர், மாடு மாதிரி சொல்லுவாரே, அவரையும் கூட்டிட்டு வாங்க" என்றாளாம். என் பெயர் போட்ட அடையாள அட்டை தருகிறார்களாம். வீட்டை விற்பதற்கில்லை. கிறிஸ்துமஸுக்கு நீங்கள்தான் இங்கே வர வேண்டும்.

இன்னொன்று. இவ்வளவு நேரம் என்ன எழுதுகிறாய், படித்துக் காட்டு என்று உன் அம்மா பிடிவாதம் பிடித்தாள். கண் விஷயத்தைத் தாண்டிக் குதித்துக் குதித்துத்தான் படித்தேன். கண்டுபிடித்துவிட்டாள். கோபம் வரும் என்று பார்த்தால், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். உன்னிடம் ஜூலையிலேயே சொல்லிவிட்டாளாம். அப்பாவுக்குத் தெரியவே கூடாது, மனசு கஷ்டப்படும் என்று உன்னிடமும் சத்தியம் வாங்கினாளாம். ஹில்டாவுக்குத் தெரியுமாம். ராஸ்கோவுக்குத் தெரியுமாம். தீயணைக்க வந்த டுவேனுக்குக்கூடத் தெரியுமாம். உன்மேல் எனக்குக் கடுங்கோபம் மகளே. இதை எல்லாம் தொலைபேசியில் விரிவாகத் திட்ட வேண்டும். வியாழக்கிழமை மட்டும் கூப்பிடாதே, நாங்கள் வேலைக்குப் போய்விடுவோம்.