சித்தப்பா பேசிய தொலைபேசி

ஈப்போ,
14.8.1983

அன்புள்ள அண்ணனுக்கு, நவமணி வணக்கத்துடன் எழுதுவது. நானும் சின்னம்மாவும் நலம். ஜொகூரில் தாங்களும் அண்ணியும் பிள்ளைகளும் நலமென்றே நம்புகிறேன். செவ்வாயன்று பேசும்போது உங்கள் தொண்டை கட்டியிருந்தது. சுக்குக் கஷாயம் குடியுங்கள்.

நடந்ததைச் சொல்கிறேன். சன்னாசி சித்தப்பா இறந்த பிறகு சின்னம்மா என்னோடு இருப்பதும், அவருக்கென்று மிஞ்சிய நகைகளை மைலோ டின்னில் போட்டு அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருப்பதும் உங்களுக்குத் தெரியும். போன மாதம் பள்ளியில் பாடம் முடித்து வந்த என்னிடம், மூன்று மணிக்குச் சித்தப்பா போன் செய்தார் என்று காய்கறி விலை சொல்வதுபோலச் சொன்னார். என்ன சொன்னாராம்? "டின்ன அந்த எடத்துல வைக்காத புள்ள, மாத்தி வை." அவ்வளவுதான். மறுநாளும் அதே. குரல் வேறுதான், பேச்சு அவருடையது என்கிறார். மூன்றாம் நாள் விடுப்புப் போட்டுவிட்டு நானே போனை எடுத்தேன். யாரும் பேசவில்லை. ஒரு இருமல், பிறகு வெயிலில் ரப்பர்க் காய் வெடிக்குமே, அந்தச் சத்தம், தூரத்தில், ஒன்றன்பின் ஒன்றாக. சித்தப்பா வேலை செய்த செமோர்த் தோட்டத்தில் ரப்பரை வெட்டி எண்ணெய்க்குச் செம்பனை நட்டு ஆறு வருடமாகிறது. கம்பியில் கோளாறு என்று எனக்கே சொல்லிக்கொண்டு வைத்துவிட்டேன்.

காரணம் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. பதினாறாம் நாள் காரியத்துக்குப் பத்திரிகையில் அறிவிப்புக் கொடுத்தோமே, அதில் தோட்டத்தின் பெயர், உறவுகளின் பெயர், யார் எந்த ஊரில் என்ன வேலை, கடைசியில் இந்த வீட்டுத் தொலைபேசி எண். திருடனுக்கு வேறென்ன வேண்டும்? பிழையில்லாமல் எழுதிக் கொடுத்தவள் நான்தான். டின்னை மாற்றச் சொல்வது அது எங்கே போகிறதென்று பார்க்கத்தான் என்று சின்னம்மாவுக்கு விளக்கினேன். ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதித் தொலைபேசிக்கு மேலே ஒட்டினேன்: முதலில் நம் பெயரைச் சொல்லக்கூடாது, வீட்டில் இருப்பதைச் சொல்லக்கூடாது, பேசுவது யாராக இருந்தாலும் வைத்துவிட்டு, நமக்குத் தெரிந்த எண்ணில் நாமே கூப்பிட்டுக் கேட்க வேண்டும். எண்ணைச் சுழற்றவும் பழக்கினேன். "செத்தவருக்கு எந்த நம்பர்மா?" என்றார். அழைப்புகள் நின்றன.

இந்த நேரத்தில் நீங்கள் பேசியது பெரிய ஆறுதல். நகை வீட்டில் இருக்க வேண்டாம், வங்கியில் வைக்க நண்பரை அனுப்புகிறேன் என்றீர்கள். அவர் நேற்றுக் காரில் வந்தார். காப்பி வேண்டாம் என்றார். பெயர் கேட்பது நாகரிகமில்லை என்று நான் கேட்கவில்லை. சின்னம்மா மறுப்பேதும் சொல்லாமல் டின்னை எடுத்துத் தந்தார். பிறர் நகையைத் திறந்து பார்த்து எனக்குப் பழக்கமில்லை. அவர் இரு கைகளாலும் வாங்கிக்கொண்டார். இனி அந்தக் கவலை தீர்ந்தது.

அண்ணிக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்குச் சின்னம்மாவின் ஆசி.

உங்கள் தங்கை,
நவமணி

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது சின்னம்மா கேட்டார்: "தாள்ல மூணாவதா எழுதியிருக்கியேம்மா, நீ கூப்பிட்டுக் கேட்டியா?" சிரித்துக்கொண்டே அவரையே சுழற்ற விட்டேன். அண்ணிதான் பேசினார். உங்களுக்குத் தொண்டையில் அறுவை நடந்து இன்றோடு பத்து நாள், இன்னும் பேச்சு வரவில்லை, நான் பயப்படுவேன் என்று சொல்லவில்லையாம். அப்படியானால் செவ்வாயன்று என்னிடம் பேசியது யார்? "அதுல நகை ஏதும்மா? அவரு போன்ல சொன்ன அன்னிக்கே மாத்திட்டேன்லா," என்றார் சின்னம்மா. காரில் போனது சித்தப்பாவின் துருப்பிடித்த ஆணிகள். நகை எங்கே இருக்கிறதென்று என்னிடம் சொல்ல மறுக்கிறார். தாளில் இரண்டாவதைக் காட்டுகிறார்.

மூன்று அடித்துவிட்டது. தொலைபேசி ஒலிக்கிறது. சின்னம்மா தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு எடுக்கப் போகிறார். சித்தப்பா எனக்கும் ஏதாவது சொன்னாரா என்று கேட்கச் சொல்லியிருக்கிறேன்.