வருடச் சீட்டின் அருமை பெருமைகள்

மனித குலம் முதலில் நெருப்பைக் கண்டுபிடித்தது. அப்புறம் சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதன் பிறகு நெடுங்காலம் ஒரு வேலையும் செய்யாமல் சோம்பிக் கிடந்துவிட்டு, எங்கள் கேளிக்கைப் பூங்காவின் வருடச் சீட்டைக் கண்டுபிடித்தது. இந்த மூன்றாவது கண்டுபிடிப்பு நிகழ்ந்த அறையில், மேலாளருக்கு இடப்பக்கம், கையில் பேனாவோடு நானும் உட்கார்ந்திருந்தேன் என்பதை மிகுந்த அடக்கத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

நான் 'விருந்தினர் மகிழ்ச்சி மைய'த்தின் மூத்த அலுவலர். விவரம் தெரியாதவர்கள் அதைப் புகார் ஜன்னல் என்பார்கள். எங்கள் பூங்காவில் வாடிக்கையாளர் என்ற சொல்லுக்குத் தடை உண்டு. வருகிற அத்தனை பேரும் 'விருந்தினர்'. விருந்தினரிடம் வாசலிலேயே காசு வாங்கிக்கொண்டு உள்ளே விடும் பண்பாட்டை உலகுக்கு வழங்கியவர் எங்கள் மேலாளர்தான்.

ஊழியர்கள் அவரைப் பக்தியோடு 'தள்ளுபடியார்' என்று அழைப்போம். அவர் பெயரால் அறிவிக்கப்படாத தள்ளுபடியே கிடையாது. ஆனால் எந்த விலையையும் அவர் சும்மா குறைத்துவிட மாட்டார். முதலில் ஏற்றுவார், பிறகுதான் குறைப்பார். ஏறாத மலையிலிருந்து இறங்குவது எப்படி என்று அவர் கேட்டால், பதில் சொல்ல இதுவரை யாருக்கும் தெரிந்ததில்லை.

அந்தச் சரித்திரக் கூட்டத்தில் தள்ளுபடியார் சொன்னார். "ஒரு நாள் சீட்டு எண்ணூறு. வருடச் சீட்டு ரெண்டாயிரம்னு போடுவோம். மூணு தடவ வந்தாலே விருந்தினருக்கு லாபம்."

கணக்குப் பிரிவுத் தலைவருக்கு வியர்த்துவிட்டது. "சார், முப்பது தடவ வந்துட்டாங்கன்னா?"

"தாராளமா வரட்டும். எப்ப வருவாங்க?"

இப்படிக் கேட்டுவிட்டு, மேசைமேல் ஒரு நாட்காட்டியை விரித்தார். சிவப்புப் பென்சிலை எடுத்தார். முதலில் ஞாயிற்றுக்கிழமைகளை அடித்தார். தனியாக நின்ற சனிக்கிழமைகளைப் பார்த்து இரக்கப்பட்டு அவற்றையும் அடித்தார். பள்ளி விடுமுறைகளை அடித்தார். விடுமுறைக்கு முந்தின நாளையும் அடித்தார். "மனசளவுல அன்னைக்கே லீவு ஆரம்பிச்சிடுதுல்ல?" என்றார். மழை மாதங்களில் விருந்தினர் நனையக் கூடாது, அடித்தார். வெயில் மாதங்களில் விருந்தினர் வாடக் கூடாது, அடித்தார். அவ்வளவு கருணை அந்தப் பென்சிலுக்கு.

கடைசியில் முப்பத்தேழு நாள் மிஞ்சியது. எல்லாமே குழந்தைகள் பள்ளியிலும் பெற்றவர்கள் வேலையிலும் இருக்கிற நாட்கள்.

"விருந்தும் மருந்தும் மூணு நாள்னுதான் பெரியவங்க சொல்லியிருக்காங்க. நாம முப்பத்தேழு நாள் தர்றோம்" என்றார் தள்ளுபடியார்.

எழுந்து நின்று கைதட்டினோம். அடிபட்ட நாட்களின் பட்டியலை ஒளிவுமறைவின்றி அட்டையின் பின்பக்கம் அச்சிட்டோம். எறும்பு கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தால் தெளிவாகப் படிக்கலாம்.

ஊழியர் ஒவ்வொருவரும் இருபது சீட்டு விற்க வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. அண்டை வீட்டார், பழைய வகுப்புத் தோழர்கள், பல் மருத்துவர் என்று நான் பதினேழு பேரை மகிழ்வித்துவிட்டேன். பாக்கி மூன்று. எனக்கு ஒரே அக்கா. அவள் வீட்டில் மூன்று பேர். கடவுள் கணக்குத் தப்புவதில்லை.

அக்கா திரைச்சீலை தைக்கும் கடையில் வேலை பார்க்கிறாள். நான் போனபோது சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அவள் மகளுக்குப் பத்து வயது. சிறுமி கதவு நிலையில் முதுகை ஒட்டி நின்று, தலைக்கு மேலே பென்சிலால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். எங்கள் பூங்காவில் 'இடிமுழக்கம்' என்றொரு தலைகீழ் ரயில் இருக்கிறது. போன வருடம் அதில் ஏறப் போனவளை உயரம் போதாது என்று இறக்கிவிட்டார்கள். இரண்டு விரற்கடைதான் குறைச்சல்.

"இப்ப சரியா வந்துட்டேன் மாமா! கோடு பாருங்க" என்றாள்.

"வருஷச் சீட்டு வாங்கிட்டா எப்ப வேணாலும் ஏறலாம்டா கண்ணு" என்றேன். 'எப்ப வேணாலும்' என்பது எங்கள் பயிற்சிக் கையேட்டில் நாலாவது பக்கத்தில் இருக்கிறது.

அத்தான் லிஃப்ட் பழுது பார்ப்பவர். செய்தித்தாளைத் தாழ்த்தாமலே பேசினார். "நான் தினமும் மேலயும் கீழயும் போயிட்டுத்தான் இருக்கேன் மாப்ள. அதுக்கு எனக்குச் சம்பளம் தர்றாங்க. நீங்க என்னடான்னா காசு கேக்குறீங்க."

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "நீ சொல்லு தம்பி. நல்லதுதானே?"

"உனக்குப் போய் கெட்டதைச் சொல்வேனாக்கா?"

அவள் அலமாரியைத் திறந்து, புதுத் தையல் இயந்திரத்துக்காகச் சேர்த்திருந்த பணத்தை எடுத்தாள். என் இலக்கு நிறைவேறியது. பூங்காவில் எனக்கு ஒரு சான்றிதழும் ஒரு பேனாவும் தந்தார்கள். பேனா எழுதவில்லை. ஆனால் கனமாக இருந்தது.

அக்காவுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் விடுமுறை. முதல் ஞாயிறு வந்தார்கள். வாசலில் அட்டை பீப் என்று அழுதது. "இன்னைக்கு 'ஓய்வு நாள்'ங்க" என்றார் காவலர்.

"பூங்கா தொறந்துதானே இருக்கு?"

"பூங்காவுக்கு இல்லைங்க. உங்க சீட்டுக்கு."

அத்தான் அட்டையை வெளிச்சத்தில் பிடித்து, கைபேசியில் படம் எடுத்து, பெரிதாக்கிப் படித்தார். முழுவதும் படித்தார். பிறகு அக்காவிடம் கொடுத்தார். "பரவால்ல, வா போகலாம்" என்றாராம். அதுதான் தாங்க முடியவில்லை என்று பிற்பாடு அக்கா சொன்னாள்.

சீட்டைத் திருப்பித் தந்து பணத்தைக் கேட்பது என்று முடிவு செய்தார்கள். எங்கள் நிர்வாகம் இதற்கும் தடை சொன்னதில்லை. திருப்பித் தரும் ஜன்னல் ஒன்று உண்டு. அது பூங்காவுக்கு உள்ளே இருக்கிறது. அட்டையில் யார் படம் இருக்கிறதோ அவரே முகத்தோடு நேரில் வர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வருடச் சீட்டில் உள்ளே வர முடியாது. ஆகவே அடுத்த ஞாயிறு, வருடச் சீட்டைத் திருப்பித் தருவதற்காக அவர்கள் மூன்று பேரும் ஒரு நாள் சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே வந்தார்கள்.

அந்த ஜன்னலில் உட்கார்ந்திருந்தவன் நான்தான்.

அக்கா மூன்று அட்டைகளையும் கண்ணாடிக்கு அடியில் தள்ளினாள். "சார், இதைத் திருப்பிக் குடுக்கணும்" என்றாள். அக்கா என்னை 'சார்' என்றது அதுதான் முதல் தடவை. அவளுக்குப் பின்னால் முப்பது நாற்பது பேர் நின்றார்கள். ஒவ்வொருவர் கையிலும் அட்டை.

கையேட்டின் முதல் பக்கத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"நல்வரவு, விருந்தினரே. உங்கள் மகிழ்ச்சியே எங்கள்..."

"டேய்."

"பணமாத் தர முடியாதுக்கா" என்றேன் மெதுவாக. "மகிழ்ச்சிக் கூப்பனாத் தருவோம்."

"அதை வச்சு என்ன பண்றது?"

"இங்கயே செலவு பண்ணலாம்."

"என்னைக்கு?"

அனுமதிக்கப்பட்ட முப்பத்தேழு நாட்களில் என்றேன். அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் கையேட்டில் ஒன்பதாவது பக்கத்தைப் படித்திருப்பேன். அவள் கண்ணாடி வழியாக என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பள்ளிக்கூடத்தில் என் மதிப்பெண் அட்டையில் நானே கையெழுத்துப் போட்டு மாட்டிக்கொண்ட அன்றும் அவள் இப்படித்தான் பார்த்தாள்.

பேச்சை மாற்றலாம் என்று மருமகள் பக்கம் திரும்பினேன். "என்னடா கண்ணு, இன்னைக்குத்தான் ஒரு நாள் சீட்டு இருக்கே, இடிமுழக்கத்துல ஏறலையா?"

"ஏற முடியல மாமா. முந்துவரிசைக்குத் தனிக் காசாம். சாதாரண வரிசையில நாலு மணி நேரமாம்."

முந்துவரிசையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கூடுதல் காசு கொடுத்தால் முன்னால் போகலாம் என்பது தள்ளுபடியாரின் இன்னொரு கொடை. எல்லோரும் அதை வாங்கியதில், முந்துவரிசை சாதாரண வரிசையைவிட நீளமாகிவிட்டது. காசு கொடுத்தவர்கள் கொடுக்காதவர்களைப் பொறாமையோடு பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்களின் துயர் துடைக்க 'முந்துவரிசைக்கும் முந்துவரிசை' அறிமுகமானது. அதற்கும் அன்று வளைந்து வளைந்து வரிசை நின்றது.

கூப்பன் கட்டை எடுப்பதற்காகக் குனிந்தேன். அப்போது என் முழங்கை ஒரு பொத்தானின்மேல் அழுந்தியிருக்கிறது. காணாமல்போன குழந்தைகளைப் பற்றிப் பூங்கா முழுக்க அறிவிக்கும் ஒலிபெருக்கியின் பொத்தான் அது. சத்தியமாக எனக்குத் தெரியாது.

மருமகள் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு கேட்டாள். "மாமா, நீங்க எத்தனை தடவ இடிமுழக்கத்துல ஏறியிருக்கீங்க?"

"ஒரு தடவகூட இல்லம்மா."

"பதினோரு வருஷமா இங்கதானே இருக்கீங்க! பயமா?"

"பயமெல்லாம் இல்ல."

"அப்புறம் ஏன்? உங்களைச் சும்மா விட மாட்டாங்களா?"

"மாட்டாங்க. இவங்க கேக்குற காசுக்கு இதெல்லாம் கட்டுப்படியாகாதும்மா. கிறுக்கன்தான் குடுப்பான்."

'குடுப்பான்' என்ற சொல் ராட்டினத்தில் பட்டு, நீர்ச்சறுக்கில் பட்டு, உணவகத்தின் தகரக் கூரையில் பட்டு என் காதுக்கே திரும்பி வந்தது. அப்புறம் வரிசையிலிருந்து ஒரு பெரியவர் சத்தமாகக் கேட்டார். "சார் நம்மளைத்தான் சொல்றாரா?"

"நம்மளைத்தாங்க" என்றார் அத்தான்.

அதற்கப்புறம் நடந்தது எங்கள் பூங்காவின் சரித்திரத்திலேயே இல்லாத மக்கள் எழுச்சி. முந்துவரிசையில் நின்றவர்கள் திரும்பினார்கள். முந்துவரிசைக்கும் முந்துவரிசையில் நின்றவர்கள் அவர்களையும் முந்தினார்கள். சாதாரண வரிசைக்காரர்கள் வேடிக்கை பார்க்க ஓடிவந்தார்கள். எல்லோரும் என் ஜன்னல் முன்னால். தள்ளுபடியார் கழுத்துப்பட்டி தோளில் பறக்க வந்து சேர்ந்தார்.

"முதல்ல நிக்கிறவங்களுக்குக் கையில பணத்தைக் குடுத்து அனுப்புய்யா! சத்தம் அடங்கிடும்!"

முதலில் நின்றவள் அக்கா. மூன்று சீட்டுக்கான பணத்தையும் எண்ணிக் கொடுத்தேன். அவள் வாங்கிக்கொண்டாள். சத்தம் அடங்கவில்லை. கையில் பணம் போனதைப் பார்த்த ஜனம் இரண்டு மடங்கு கத்தியது.

மருமகள் மட்டும் அங்கே இல்லை. தேடிப் போன அத்தான் அவளை இடிமுழக்கத்தில் கண்டுபிடித்தார். வரிசையே இல்லாத அந்த ரயிலின் முதல் பெட்டியில், ஆளில்லாத இருக்கைகளுக்கு முன்னால், தலைகீழாகத் தொங்கிக் கத்திக்கொண்டிருந்தாள். மூன்று முறை ஏறினாளாம். நாலாவது தடவை அத்தானையும் இழுத்துப் போட்டுக்கொண்டாள். இறங்கி வந்தவர், "லிஃப்ட் எவ்வளவோ தேவலை" என்று சொல்லிவிட்டுப் புல்லில் உட்கார்ந்துவிட்டார்.

கிளம்பும்போது அக்கா என் ஜன்னல் பக்கம் வந்தாள். கூட்டத்தின் தலைகளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "ராத்திரி சாப்பிட வா" என்றாள். மன்னித்துவிட்டாளா என்று தெரியவில்லை. போனால்தான் தெரியும்.

மறுநாள் காலை விசாரணைக் குழு கூடியது. என் பதினோரு வருடச் சேவையைப் பாராட்டி மூன்று பேர் பேசினார்கள். அதன் பிறகு தள்ளுபடியார் எழுந்து குற்றப்பத்திரிகையை வாசித்தார். உண்மையின்பால் எங்கள் நிர்வாகத்துக்கு இருக்கும் மரியாதையை அன்றுதான் முழுதாக அறிந்தேன். அதில் இப்படி இருந்தது:

"மேற்படி அலுவலர் பொய் சொன்னார் என்று நிர்வாகம் கருதவில்லை. நிறுவனத்தின் ஒரே தொழில் ரகசியத்தை விருந்தினர் காதுபட வெளியிட்டார் என்பதே குற்றச்சாட்டு."