ஒச்சப்பன் வாத்தியாரும் நார்த்தங்காய்ச் சாடியும்

நார்த்தங்காயைத் தொடுவதில்லை என்று ஒச்சப்பன் வாத்தியார் தன் பெண்டாட்டி சந்திரவல்லியின் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணினார். மெதுவாகத்தான் அடித்தார், திருப்பி அடித்துவிட்டால் என்ன செய்வது?

ரத்தக்கொதிப்பு என்று டாக்டர் உப்பை நிறுத்தச் சொல்லியிருந்தார். சந்திரவல்லியோ அக்காளைப் பார்க்க மூன்று நாள் சிலமலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அடுப்படியில் கண்ணாடிச் சாடி நிறைய அவள் கையால் போட்ட உப்பு நார்த்தங்காய் இருந்தது.

"தொட்டா?"

"தொட்டா இந்த தசரா லீவுக்கு உங்க அண்ணன் எஸ்டேட்டுக்கு வர்றேன். போதுமா?"

இதைவிடப் பெரிய பணயம் அவரிடம் கிடையாது. அவள் அண்ணன் பேச்சிமுத்து போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் கங்காணி. கல்யாணமான புதுசில் ஒரு தடவை அங்கே போய்ப் பதினோரு அட்டைப்பூச்சியைக் காலில் சுமந்துகொண்டு இறங்கியவர் வாத்தியார். அதற்கப்புறம் ஆறு வருசமாக லீவுக்கு ஒரு சாக்குச் சொல்லி வருகிறார். பிறந்த வீட்டைப் பார்க்காமல் அவள் உள்ளுக்குள் ஏங்கிப்போயிருந்தாள்.

அவள் சாடியில் உப்புத்தண்ணீர் நின்ற மட்டத்துக்கு விரலால் ஒரு சுண்ணாம்புக் கோடு இழுத்துவிட்டு பஸ் ஏறினாள்.

முதல் நாள் மத்தியானம் தயிர்ச்சோறு. வாத்தியாருக்குப் பழைய நினைப்பு வந்துவிட்டது. அது ஒரு ஐப்பசி, கடைவீதியே ஏலக்காய் மணத்துக்கொண்டிருந்தது. புதுப்பெண் சந்திரவல்லி மலையிலிருந்து கொண்டுவந்த சாடியைத் திறந்து, இலையோரம் ஒரு துண்டு வைத்தாள். பிடித்திருக்கிறதா என்று கேட்கக் கூச்சப்பட்டுக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். வளையல் சத்தம் மட்டும் கேட்டது. அந்த ருசி அதற்கப்புறம் எந்த விருந்திலும் அவருக்குக் கிடைக்கவில்லை.

அந்த நாளை நாக்கில் வைத்துப் பார்க்கத்தான் சாடியைத் திறந்தார். ஒரு துண்டு எடுத்தார். அதற்குத் துணையாக இன்னொன்று. சோற்றில் நார்த்தங்காய்த் தண்ணீரையும் ஊற்றிப் பிசைந்தார். இரண்டு நாள் இதே சோலிதான். தண்ணீர் கோட்டுக்கு நாலு விரல் கீழே போனது. குடத்திலிருந்து பச்சைத்தண்ணீரை மொண்டு ஊற்றிக் கோட்டுக்குச் சரியாக நிறுத்தினார். படித்த மூளை இல்லையா.

மூன்றாம் நாள் காலையில் பார்த்தால், சுருங்கிக் கிடந்த துண்டெல்லாம் உப்பி, புதுமாப்பிள்ளை கன்னம் மாதிரி மினுமினுத்தன. வாத்தியாருக்குக் காரணம் புரிந்துவிட்டது. போன வாரம்தான் ஐந்தாம் பாரத்துக்கு இந்தப் பாடத்தைக் கரும்பலகையில் படம் போட்டு நடத்தியிருந்தார். உயிரணுவைச் சுற்றி மெல்லிய சவ்வு. அது தண்ணீரை விடும், உப்பை லேசில் விடாது. எந்தப் பக்கம் உப்பு அதிகமோ அந்தப் பக்கம் தண்ணீர் போகும். துண்டுக்குள்ளே உப்பு, வெளியே இவர் ஊற்றிய பச்சைத்தண்ணீர். உள்ளே போகாமல் என்ன செய்யும்?

அப்படியானால் வெளியே உப்பைக் கூட்டினால் போன தண்ணீர் திரும்பி வந்தாக வேண்டும். உப்புச்சட்டியைத் தூக்கிச் சாடிக்குள் கவிழ்த்தார். வீட்டில் இருந்த கல்லுப்பு மொத்தமும் போயிற்று. சாயங்காலத்துக்குள் துண்டெல்லாம் பழையபடி சுருங்கிவிட்டன. வாத்தியார் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குச் சந்திரவல்லி வந்தாள். நேராகச் சாடியிடம் போனாள்.

"கோடு சரியாத்தான் இருக்கு."

"இருக்காதா பின்னே?"

"அடியில ரெண்டு விரக்கட உப்பு கரையாமக் கெடக்கே?"

"அது... குளிருக்கு உறைஞ்சிருக்கும்."

அவள் சிரிக்கவில்லை. "தண்ணிய ஊத்துனீக, காய் உப்பிப்போச்சு. பயந்துபோயி உப்பக் கொட்டுனீக. உப்பு கூடுற பக்கம் தண்ணி போகும்னு நீங்க பாடத்தச் சத்தம்போட்டுப் படிக்கையில அடுப்படியில எனக்குக் காது கேக்காதா? நாளைக்குத்தான லீவு. விடிஞ்சதும் ஜீப்பு."

மறுநாள் போடிமெட்டில் ஜீப்பு இறக்கிவிட்டதும் ஏலச்செடிக்குள் இரண்டு மைல் நடை. தூறல் விழுந்தது. சந்திரவல்லி பாவாடை கட்டின பிள்ளை மாதிரி துள்ளி முன்னால் போனாள். அவளை அப்படிப் பார்த்து ஆறு வருசம் ஆகிறதே என்று வாத்தியாருக்கு மனசு இளகியது. இவ்வளவு நாள் வராமல் இருந்தது தப்பு என்று நினைத்துக்கொண்டே குனிந்தார். கெண்டைக்காலில் இரண்டு அட்டை பருத்துத் தொங்கின.

உப்புப் பட்டால் அட்டைக்குள் இருக்கிற தண்ணீர் வெளியே வந்து, சுருண்டு விழுந்துவிடும். அதே பாடம்தான். வாத்தியார் அலறினார்.

"வல்லி, உப்பக் கொண்டா, வெரசா."

அவள் நின்று திரும்பினாள். அவள் கால் இரண்டும் வெள்ளையாக மினுங்கின.

"உப்புக்கு எங்க போறது? பூராத்தையும் சாடியில கொட்டிட்டீக, சட்டியில ஒட்டியிருந்ததச் சுரண்டுனது எங்காலுக்குத் தேய்க்கத்தான் காணுச்சு."