தங்கை கல்யாணமும் என் பதினெட்டு மருக்களும்

கல்யாணத்துக்கு முன்னால் முகத்துக்கு எதையாவது பூசிக்கொண்டு மாட்டிக்கொள்வது பெண்கள்தான் என்று முப்பத்தொரு வயது வரைக்கும் உறுதியாக நம்பிக்கொண்டிருந்தவன் நான். என் விஷயத்தில் கல்யாணம் எனக்குக்கூட இல்லை. என் தங்கை நித்யாவுக்கு. நான் வெறும் அண்ணன். வெறும் அண்ணன் எதற்காக அழகாக இருக்க வேண்டும் என்று அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கே அவசியம் இருந்திருக்காது.

எல்லாம் நிச்சயதார்த்தப் பந்தியில் ஆரம்பித்தது. மாப்பிள்ளை கார்த்திக்கின் தாய்மாமா எனக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்தார். சைதாப்பேட்டைக்காரர், பாசக்காரர். ரசத்துக்கு வரும்போது என் முகத்தையே உற்றுப் பார்த்தார்.

"தம்பி, கன்னத்துல கடுகு ஒட்டியிருக்கு பாருங்க."

நான் துடைத்தேன். போகவில்லை. அவரே இடது கையை நீட்டித் தட்டிவிட்டார். அப்போதும் போகவில்லை. பிறகு நகத்தால் சுரண்டினார். "ஆ!" என்றேன்.

"அட, இது கூடவே பொறந்ததா!" என்றார் வருத்தத்துடன். எதிர்ப்பந்தி முழுக்கச் சிரித்தது.

அன்று மாலை மயிலாப்பூரில் எங்கள் வீட்டுக் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, கைபேசி வெளிச்சத்தில் கணக்கெடுத்தேன். கன்னங்களில் எட்டு, கழுத்தில் ஏழு, இடது அக்குளில் மூன்று. ஆகமொத்தம் பதினெட்டு மருக்கள். கடுகிலிருந்து மிளகு வரைக்கும் பல அளவுகளில். அப்பாவுக்கும் இதேபோல் உண்டு. அவர் அறுபது வருஷமாக அவற்றோடு ஒரு சண்டையும் இல்லாமல் வாழ்கிறார். (அவருக்கு அந்தத் தாய்மாமா பக்கத்தில் இலை போடவில்லை.)

நான் பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூவுக்கு இயற்பியல் எடுப்பவன். ஆசிரியர் ஓய்வறையில் வேதியியல் டீச்சரிடம் பட்டும் படாமலும் விசாரித்தேன். "எங்க வீட்டுக்காரர் அடையார்ல ஒரு கிளினிக்ல எடுத்துக்கிட்டார் சார். திரவ நைட்ரஜனை அடிச்சு உறைய வச்சிடறாங்க. அஞ்சே நிமிஷம்" என்றார்.

திரவ நைட்ரஜன்! எட்டு வருஷமாகக் கரும்பலகையில் மைனஸ் நூற்றுத் தொண்ணூற்றாறு டிகிரி என்று எழுதிக்கொண்டிருக்கிறேனே தவிர, அதை நேரில் பார்த்ததே இல்லை. அந்த உற்சாகத்தில், "அஞ்சு நிமிஷத்துக்கு அப்புறம் என்ன ஆகும்?" என்ற கேள்வியைக் கேட்க மறந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். நான் போனது புதன்கிழமை. வீட்டில், தி. நகர் தையற்காரரிடம் நித்யாவின் ப்ளவுஸை வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை அடையாருக்குத் திருப்பினேன். ஏதோ முதல் காதலியைப் பார்க்கப் போகிறவனைப் போல வழியெல்லாம் சிரித்துக்கொண்டே போனேன்.

டாக்டர் அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். ஒரு லென்ஸை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"இது சாதாரண மருதான். ஒண்ணும் பண்ணாது. அப்படியே விட்டாலும் தப்பில்ல."

"இல்ல டாக்டர், எடுத்துடலாம்."

"எடுத்தா சில இடத்துல கொப்புளம் வரும், நீர் கோத்துக்கும். அப்புறம் கருத்துப்போய், பொருக்கு தட்டி உதிரும். ரெண்டு மூணு வாரம் ஆகும். அதுக்குள்ள வீட்டுல விசேஷம் ஏதாவது இருக்கா?"

அவர் கண்ணைப் பார்த்து, ஒரு ஆசிரியருக்குரிய கம்பீரத்தோடு சொன்னேன்: "மூணு மாசத்துக்கு ஒண்ணுமே இல்ல டாக்டர்."

ஏன் அப்படிச் சொன்னேன்? டாக்டர்கள் எப்போதும் ஒன்றை மூன்றாகச் சொல்வார்கள் என்பது என் கணிப்பு. நானே பரீட்சைக்கு முன்னால் மாணவர்களிடம் பாடத்தைக் கூட்டித்தான் சொல்வேன். ஆக மூன்று வாரம் என்றால் மூன்று நாள். ஞாயிற்றுக்கிழமை முகம் வாழையிலை மாதிரி வழவழவென்று இருக்கும். (இந்தக் கணிப்பை நம்பித்தான் ஒரு சமூகம் என்னிடம் அறிவியல் படித்துக்கொண்டிருந்தது.)

"இன்னிக்கு ரெண்டு மட்டும் பண்ணிப் பார்ப்போம்" என்றார் டாக்டர்.

"எனக்கு லீவே கிடைக்காது டாக்டர். பதினெட்டையும் முடிச்சிடுங்க, ப்ளீஸ்." நான் கெஞ்சக் கெஞ்ச, கடைசியில் அவர் தலையில் கை வைத்துக்கொண்டு சம்மதித்தார்.

குடுவையைத் திறந்ததும் வெண்புகை வழிந்து மேசை விளிம்பில் இறங்கியது. எனக்குப் புல்லரித்துவிட்டது. "டாக்டர், இது காத்துல இருக்கிற ஈரம் உறையறது, இல்லையா? குடுவைக்கு ரெட்டைச் சுவர்தானே? ஒரு நாளைக்கு எவ்வளவு ஆவியாகும்?"

"சார், பேசாதீங்க. கன்னம் ஆடுது."

முதல் பீச்சல் ஐஸ் கட்டி வைத்த மாதிரி இருந்தது. அடுத்த நொடி அதே இடத்தில் பச்சை மிளகாயை அரைத்து வைத்த மாதிரி எரிந்தது. மரு வெள்ளை வெளேரென்று உறைந்துபோனதைக் கண்ணாடியில் காட்டச் சொல்லிப் பார்த்துக் கைதட்டினேன். எரிச்சலோடு சேர்ந்து ஆனந்தமும் ஏறிக்கொண்டே போனது. அக்குளுக்கு வந்தபோது மட்டும் ஒரு சத்தம் போட்டேன். வெளியே காத்திருந்தவர்களில் இரண்டு பேர் வேறொரு நாள் வருவதாகச் சொல்லிக் கிளம்பிவிட்டார்களாம்.

வியாழக்கிழமை காலையில் கண்ணாடியைப் பார்த்தேன். பதினெட்டு இடத்திலும், வெந்த ஜவ்வரிசி மாதிரி நீர் கோத்துப் பளபளவென்று நின்றது. சுற்றிலும் சிவப்பு வேறு. உடனே ஒரு மாஸ்க்கை எடுத்து மாட்டிக்கொண்டு, கழுத்துக்கு ஒரு துண்டையும் சுற்றிக்கொண்டேன். "தூசி ஒத்துக்கலம்மா."

"கல்யாண நேரத்துல உனக்கு அது ஒண்ணுதான் குறைச்சல். கஷாயம் வச்சுத் தரேன், குடி" என்றாள் அம்மா. அதற்கு மேல் என்னைப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. அக்குள் கொப்புளம் உரசாமல் இருக்க இடது கையை உடம்பிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்துக்கொண்டே நடந்தேன். பெண் வீட்டு அண்ணன் பயில்வான் மாதிரி விறைப்பாக நடக்கிறானே, திமிர் பிடித்தவன் போலிருக்கிறது என்று உறவுக்காரர்கள் பேசிக்கொண்டது பிறகுதான் எனக்குத் தெரியவந்தது.

சனிக்கிழமை மாலை மாப்பிள்ளை அழைப்பு. மண்டப வாசலில் மேளம் முழங்குகிறது. கார்த்திக் காரிலிருந்து இறங்கி நிற்கிறார். மைத்துனன் மாலை போட்டு அழைத்து வரவேண்டும். நான் மாலையோடு முன்னால் வந்தேன், மாஸ்க்கோடு.

"அண்ணா, மாஸ்க்கை எடுங்க" என்றார் போட்டோகிராபர்.

"இருக்கட்டும்பா. தூசி."

"ஆல்பத்துல காலத்துக்கும் நிக்கும்ண்ணா" என்றபடி அவரே என் காதிலிருந்து அதை லாகவமாகக் கழற்றி, கழுத்துத் துண்டையும் உருவிவிட்டு, விளக்கை முகத்துக்கு நேரே பிடித்தார்.

இந்தக் காலத்துக் கல்யாணங்களில் வாசலில் நடப்பதை உள்ளே பெரிய திரையில் காட்டுகிறார்கள். என் முகம் பத்தடி அகலத்துக்கு மண்டபத்துக்குள் எழுந்தருளியது. ஒவ்வொரு கொப்புளமும் இட்லி அளவுக்கு. உள்ளேயிருந்து ஒரே சமயத்தில் நானூறு பேர் "ஐயையோ" என்றது வாசல் வரைக்கும் கேட்டது.

மாலைகளைக் கொண்டுவந்திருந்த பூக்கார தனலட்சுமி அக்கா என்னைச் சின்ன வயதிலிருந்தே அறிந்தவர். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"ஐயோ நைனா, இன்னாடா இது! ஆத்தா உம்மேல எறங்கிக்கீறா! இத்த மறைச்சிக்கினு மாலைய வேற தூக்கிக்கினு வந்து நிக்கிறியே!"

அவ்வளவுதான். மேளம் நின்றுவிட்டது. மாப்பிள்ளையின் அக்கா பவித்ரா ஆறு மாதக் கர்ப்பிணி. அவளை அவள் அம்மா கையைப் பிடித்துப் பத்தடி பின்னால் இழுத்துக்கொண்டு போனார். கடுகுத் தாய்மாமா முன்னால் வந்தார்.

"தப்பா நினைக்காதீங்க சம்பந்தி. வீட்டுல அம்மை. பொண்ணும் அதே வீட்டுலதானே இருந்திருக்கு? புள்ளத்தாச்சி வேற கூட வந்திருக்கா. ஒரு மாசம் தள்ளி வச்சுக்கிட்டா என்னன்னு தோணுது."

அந்த நொடியில் நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நானூறு பேருக்கு முன்னால் 'அழகுக்காக எடுத்துக்கொண்டேன்' என்று சொல்வதைவிட, அம்மை வந்தவனாகவே இருந்துவிடலாம் போலிருந்தது. அதற்குள் என் அத்தை, மண்டப வாசலில் நின்ற மரத்திலிருந்து வேப்பிலையை ஒடித்துக் கழுத்தைச் சுற்றிக் கட்டிவிட்டாள். தனி நாற்காலி வந்தது. இளநீர் வந்தது. என் மாணவன் ஒருவனின் தாயார் வந்து கும்பிட்டு, "பையன் பாஸாகணும்னு ஒரு வார்த்தை சொல்லு தாயே. ஃபிசிக்ஸ்தான் அவனுக்கு வரமாட்டேங்குது" என்றார். (அது ஏன் வரவில்லை என்று ஆத்தாளைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.)

அப்போது மாடியிலிருந்து நித்யா இறங்கி வந்தாள். பாதித் தலைக்குப் பூ வைத்திருந்தது, மீதிப் பாதி விரிந்து கிடந்தது. தாய்மாமா பேசியதை யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள்.

"அண்ணா, என் கல்யாணம் நின்னுடுமா?" என்று மட்டும் கேட்டாள். கண்ணில் நீர் திரண்டு மையோடு வழிந்தது.

அதற்கு மேல் என்னால் தெய்வமாக இருக்க முடியவில்லை.

"இது அம்மை இல்ல."

"என்னது?" என்றார் தாய்மாமா.

"அம்மை இல்ல! மரு எடுத்துக்கிட்டேன்! அடையார்ல! அழகுக்கு!" கடைசி வார்த்தையில் என் குரல் கீச்சிட்டது.

"ஆத்தா மேல பொய் சொல்லாதடா, கன்னத்துல போட்டுக்கோ" என்றாள் அத்தை. ஒருவரும் நம்பவில்லை. நித்யா மட்டும் என்னை ஒரு பார்வை பார்த்தாள். என் பொய்களையும் உண்மைகளையும் இருபத்தேழு வருஷமாகப் பார்த்து வளர்ந்தவள்.

"டாக்டருக்கு ஃபோன் போடு. ஸ்பீக்கர்ல."

போட்டேன். கேட்கவில்லை என்று பின்னாலிருந்து குரல்கள் வந்தன. நித்யா மேளக்காரர்களின் மைக்கைப் பிடுங்கி என் கைபேசிக்கு முன்னால் நீட்டினாள்.

"டாக்டர், நான் முரளி. புதன்கிழமை வந்தேன். பதினெட்டு மரு..."

"ஓ! அக்குள்ல பண்ணும்போது கத்தினீங்களே, அந்த ஃபிசிக்ஸ் சாரா?" டாக்டரின் குரல் மண்டபம் முழுக்க, சமையற்கட்டு வரைக்கும் ஒலித்தது. "சொல்லுங்க சார். என்ன இவ்வளவு சத்தம்? எங்க இருக்கீங்க?"

"கல்யாண மண்டபத்துல டாக்டர்."

"யாருக்குக் கல்யாணம்?"

"என் தங்கச்சிக்கு."

"மூணு மாசத்துக்கு ஒண்ணுமே இல்லன்னு சொன்னீங்களே சார்?"

நானூறு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அதன் பிறகு அவர் வீடியோவில் வரச் சொல்லி, இடப்பக்கம் திரும்பு, வலப்பக்கம் திரும்பு என்று பார்த்தார். காய்ச்சல் இருக்கிறதா, வேறெங்காவது புதிதாக வந்திருக்கிறதா என்று விசாரித்தார். எல்லோரும் அம்மை என்று பயப்படுவதையும், கர்ப்பிணி ஒருத்தி கூட இருப்பதையும் நித்யா சொன்னாள். "இது நான் உறைய வச்ச இடம்தான். அம்மை இல்ல, யாருக்கும் ஒட்டாது. கர்ப்பிணி பக்கத்துல நிக்கலாம். முதல்ல அந்த வேப்பிலைய எடுங்க, உரசி உடையப் போகுது. இனிமே என்கிட்ட பொய் சொல்லாதீங்க" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

முதலில் சிரித்தது பவித்ரா. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க வாங்கச் சிரித்தாள். தன் அம்மாவின் கையை உதறிவிட்டு நேராக என்னிடம் வந்தாள்.

"அந்த டாக்டர் நம்பர் குடுங்க. மாசமானதுலேர்ந்து எனக்கும் கழுத்துல நாலஞ்சு வந்திருக்கு. குழந்தை பொறந்ததும் போகணும்."

மேளம் மறுபடி முழங்கியது. நான் மாலை போடக் கையைத் தூக்கியபோது கார்த்திக் நன்றாகக் குனிந்துகொடுத்து, "மெதுவா மச்சான். அக்குள் வலிக்கப் போகுது" என்றார். மறுநாள் முகூர்த்தத்தில் நித்யாவின் கையில் பொரி இட்டபோதும் என் இடது கை ஒரு முழம் தள்ளியே இருந்தது. அத்தனை புகைப்படத்திலும் நான் பறக்கத் தயாராக இருப்பவன் மாதிரி நிற்கிறேன். பந்தி முடிந்ததும் தாய்மாமா என்னை ஓரமாகக் கூட்டிப்போய், தன் கண்ணுக்குக் கீழே இருந்த ஒன்றைக் காட்டி, "இதுக்கும் அந்த டாக்டரம்மா பார்ப்பாங்களா தம்பி?" என்று ரகசியமாகக் கேட்டார்.

டாக்டர் சொன்னபடியே, மூன்று வாரத்தில் எல்லாம் உதிர்ந்து முகம் சுத்தமானது. அதைப் பார்க்கத்தான் கல்யாணம் எதுவும் மிச்சமில்லை.

அடுத்த வருஷம் பங்குனி வெயிலில் எனக்கு நிஜமாகவே அம்மை போட்டது. காய்ச்சலில் உடம்பு கொதிக்கிறது, முகமெல்லாம் கொப்புளம். தட்டுத் தடுமாறிக் கூடத்துக்கு வந்து நின்றேன். அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இந்தத் தடவை யாருக்குடா கல்யாணம்?"

இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் யாருக்குத் தலைவலி, காய்ச்சல் என்றாலும் கேட்கப்படும் முதல் கேள்வி அதுதான். அன்று பள்ளிக்கூடத்துக்கு ஃபோன் செய்து விஷயத்தைச் சொன்னேன். தலைமை ஆசிரியர் ஒரு நிமிஷம் சிரித்துவிட்டுத்தான் விடுப்பே கொடுத்தார். அன்று மாலையே கார்த்திக் கிளம்பி வந்துவிட்டார். "நிஜ அம்மை மாப்பிள்ளை, கிட்ட வராதீங்க" என்று போர்வைக்குள்ளிருந்து கத்தினேன். "எங்ககிட்டயேவா மச்சான்?" என்று பக்கத்தில் உட்கார்ந்து, தோளில் கை போட்டு, கன்னத்தோடு கன்னம் வைத்துப் படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டார்.

பதினைந்தாவது நாள் அவரிடமிருந்து அழைப்பு வந்தது. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் இருந்தது. பின்னால் நித்யா விழுந்து விழுந்து சிரிப்பது கேட்டது.

"மச்சான், உங்க தங்கச்சிகிட்ட கொஞ்சம் சொல்லுங்களேன். நான் அடையார் பக்கமே போகலைன்னா நம்ப மாட்டேங்கிறா."