மூணு வாளி சூப்

"அந்த சூப்பை எப்படிப் பண்றாங்கன்னு கேட்டுட்டு வாங்க. இல்லேன்னா அங்கேயே இருங்க" என்று போனை வைத்துவிட்டாள் மனைவி.

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. மூன்று மாத மசக்கை. பச்சைத் தண்ணீர்கூட வயிற்றில் தங்காமல் ஆள் பாதியாகிவிட்டாள். இவன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் வெளிநாட்டில் தான் குடித்த சூப்பைப் போனில் வர்ணிக்க, "கேக்கும்போதே சாப்பிடணும் போல இருக்குங்க" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காக எதையும் செய்யத் தயாராக இருந்தான் மெக்கானிக்.

தையல் மெஷின்களைப் பூட்டிக் கொடுக்கக் கம்பெனி அவனை ஒரு வாரம் வெளிநாட்டுக்கு அனுப்பியிருந்தது. முதல் நாள் சாயங்காலமே, ஃபேக்டரியிலிருந்து திரும்பும் வழியில், ஒரு சந்தில் வாசனை ஆளை இழுத்தது. திறந்த கதவு, நீள மேசை, சாப்பிடும் நாலு பேர். போர்டு இல்லை. நல்ல மெஸ்ஸுக்குப் போர்டு எதற்கு? ஏப்ரன் கட்டிய அம்மா ஒருவர், அவன் கையிலிருந்த டூல்ஸ் பையைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பாக உள்ளே அழைத்து, நேரே கொல்லைக் குழாயைக் காட்டினார்.

சுத்தம் பார்க்கிற இடம், முதலில் கை கழுவச் சொல்கிறார்கள் என்று அவனுக்கு ஏக சந்தோஷம். முழங்கை வரை கழுவிவிட்டு வந்து மேசையில் உட்கார்ந்தான். அந்த அம்மா அவனையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு சூப் வைத்தார். அப்புறம் தினமும் அதே குழாய், அதே சூப். பணம் நீட்டினால் மட்டும் ஒரு மாதிரி பார்த்தார்.

நாலாம் நாள், மனைவியின் உத்தரவுப்படி, கிண்ணத்தைக் காட்டி, கரண்டியால் கிளறுவதுபோல் கையைச் சுழற்றினான். எப்படிச் செய்வது என்று அர்த்தம். அந்த அம்மா பரபரப்பாக அவனைக் குழாயடிக்கு இழுத்துப் போனார்.

"ஏற்கெனவே கழுவிட்டேம்மா" என்று தமிழில் சொல்லிப் பார்த்தான். பலிக்கவில்லை. மறுபடி கழுவினான்.

பிறகு காகிதத்தில் ஒரு பாத்திரமும், அதற்கு மேல் சொட்டுச் சொட்டாகத் தண்ணீரும், பக்கத்தில் கேள்விக்குறியும் வரைந்தான். எவ்வளவு தண்ணீர் ஊற்ற வேண்டும்? அவர் ஓடிப்போய் ஒரு பெரிய வாளியைக் கொண்டுவந்து வைத்து, மூன்று விரலைக் காட்டினார்.

"மூணு வாளித் தண்ணியா?" என்றாள் மனைவி போனில்.

"அப்படித்தான் காட்டுறாங்க."

"ஒருத்தி சாப்பிட மூணு வாளியா? கல்யாணத்துக்கா சமைக்கப் போறேன்?"

"எனக்கும் தலையும் புரியல, வாலும் புரியல."

"பரவால்ல, விடுங்க. எனக்கு எதுவும் வேணாம்" என்றாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான்.

மறுநாள், கூட வந்து அந்த அம்மாவிடம் கேட்டுச் சொல்லும்படி ஃபேக்டரி சூப்பர்வைசரின் காலில் விழாத குறையாகக் கெஞ்சினான். அவர் தமிழர், இருபது வருஷமாக அந்த ஊரில் இருப்பவர்.

வாசலிலேயே அவர் தயங்கினார். "இங்கேயா தினம் சாப்பிடுறீங்க?"

"இங்கேதான் சார். கூச்சப்படாம வாங்க. முதல்ல கை கழுவணும்."

அந்த அம்மா சூப்பர்வைசரிடம் மூச்சு விடாமல் பேசினார். நடுநடுவே இவனைக் காட்டினார், குழாயைக் காட்டினார், ஐந்து விரலை விரித்தார். சூப்பர்வைசர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"சொல்லித் தருவாங்களா சார்? வீட்டுல அவ சாப்பிட்டே ரொம்ப நாளாச்சு."

"எழுதியே தர்றாங்களாம்" என்றார் சூப்பர்வைசர். "ஆனா அஞ்சு நாளா வீட்டுக்கு வந்து, தினம் மூணு வாளி ஒழுகுற குழாயில கை கழுவிட்டு, குடும்பத்தோட உக்காந்து சாப்பிட்டுப் போற பிளம்பர், அந்தக் குழாயை எப்போ சரி பண்ணுவாருன்னு கேக்குறாங்க."