கியெம் வைத்த பௌர்ணமிச் சாறு

கியெம் என்றால் அவர்கள் மொழியில் அடக்கம் என்று பொருள். பிள்ளையின் முகத்தைப் பார்த்த சந்தோஷத்தில் பெரியவர்கள் பெயர் வைத்துவிட்டார்கள். அது வாயைத் திறக்கும்வரை காத்திருக்கவில்லை.

ஹுவே நகரத்தில், வாய்க்காலோரத் தெருவில், மோட்டார் சைக்கிளுக்கு சீட் உறை தைக்கிற கடை அவருடையது. தையலில் குறை சொல்ல முடியாது. ஆனால் சீட் தைக்க வந்தவர் சீட்டோடு மட்டும் திரும்பிப் போனதாகச் சரித்திரம் இல்லை. மழை ஏன் பெய்கிறது, பாலம் எப்படிக் கட்டியிருக்க வேண்டும், மருமகளை எப்படி அடக்குவது என்று எல்லாம் சேர்ந்தே கிடைக்கும். எல்லாவற்றுக்கும் மேலே சாப்பாடு. "என் நாக்கை ஏமாத்தறவன் இனிமேதான் பொறந்து வரணும்" என்பார். அந்த நாக்கால்தான் வினை வந்தது.

அந்த ஊரில் அமாவாசையும் பௌர்ணமியும் வீட்டுக்கு வீடு சைவம். மீன்காரிகூட அன்றைக்குப் பலாக்காய்தான் விற்பாள். கியெமின் மனைவி தாவோ சைவச் சமையலில் கைதேர்ந்தவள். வாழைப்பூவைக் கோழியாக்குவாள். சோயாப்பால் ஆடையைச் சுருட்டிக் கட்டி வேகவைத்து இறைச்சித் துண்டமாக்குவாள். கியெம் எல்லாவற்றையும் தட்டு காலியாகும்வரை சாப்பிட்டுவிட்டு, அதற்கப்புறம் குறை சொல்வார்.

ஆறாம் மாதப் பௌர்ணமியன்று தாவோ சைவ பூன் போ வைத்தாள். பூன் என்றால் அரிசி நூடுல்ஸ். போ என்றால் மாட்டிறைச்சி. எலும்பு வேகவைத்த சாறும் காரமும் எலுமிச்சைப்புல்லின் வாசனையுமாக இருக்கும்; ஹுவேக்காரர்கள் காலையில் கண்விழிப்பதே அதற்காகத்தான். அன்றைக்கு மட்டும் கியெம் ஒரு வாய் குடித்ததுமே கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"இது என்ன?"

"பூன் போ."

"பூன் இருக்கு. போ போயிடுச்சே."

"புத்திசாலி மாடு. உங்க கண்ணுல படறதுக்கு முன்னாடியே ஓடிப்போச்சு."

"விளையாடாத தாவோ. சாறுல உயிரே இல்ல. காய்கறியெல்லாம் வரிசையா எறங்கிக் குளிச்சுட்டுப் போன தண்ணி மாதிரி இருக்கு."

தாவோ கோபித்துக்கொள்ளவில்லை. அங்கேயே கியெம் உஷாராகியிருக்க வேண்டும்.

"சரி, அடுத்த பௌர்ணமிக்கு நீங்களே வைங்க" என்றாள்.

"வைக்கிறேன். நான் வச்சா அதைக் குடிக்கிறவன் எந்திரிக்க மாட்டான்."

"நல்லதாப் போச்சு. அன்னிக்கு லியெனக்கா நம்ம வீட்டுலதான் சாப்பிடறாங்க."

கியெம் அவசரமாகக் கிண்ணத்தை மறுபடி கையில் எடுத்துக்கொண்டார். லியென் தாவோவின் அக்கா. சின்ன வயதிலேயே தலைமுடியை இறக்கிவிட்டு பிக்குணி மடத்தில் சேர்ந்தவர். அன்றிலிருந்து ஒரு மீன் முள்கூட அவர் உதட்டில் பட்டதில்லை. கியெம் உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் பயப்படுவார். ஒருவர் லியெனக்கா. இன்னொருவர் யார் என்பதைத் தாவோ பக்கத்தில் இருக்கும்போது சொல்லமாட்டார்.

ஆனால் விட்ட வார்த்தையை விழுங்க முடியுமா? அதுவும் பக்கத்துச் சுவருக்கு அந்தப்பக்கம் தின் கேட்டுக்கொண்டிருக்கும்போது. தின் முடிவெட்டுகிறவன். தின் என்றால் அவர்கள் மொழியில் செய்தி; பெயருக்கேற்ற வாய் அவனுக்கு. மறுநாள் அவன் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்த தலைகள் எல்லாம் செய்தியைச் சுமந்துகொண்டு போயின.

ஏழாம் மாதப் பௌர்ணமி வந்தது. பெற்றவர்களை நினைத்துக் கும்பிடுகிற, வருஷத்திலேயே பெரிய பௌர்ணமி அதுதான். காலையில் தாவோ புதுச் சட்டை போட்டுக்கொண்டு, அக்காவை அழைத்துவரக் கிளம்பினாள்.

"மிளகாயாவது கிள்ளிக் குடுத்துட்டுப் போகட்டுமா?"

"ஒண்ணும் வேணாம். சமையல்கட்டுப் பக்கம் திரும்பாத."

"உச்சிப்பொழுதுக்கு முன்னாடி அவங்க சாப்பிட்டாகணும். அதுக்கப்புறம் தண்ணிதான். தெரியுமில்ல?"

"தெரியும், தெரியும்."

"மேல் தட்டுல நீல மூடி போட்ட ஜாடி இருக்கு. அதுல மட்டும் கை வைக்காதீங்க."

"நான் எதுக்கு அதுல கை வைக்கப்போறேன்? என்னை என்னன்னு நெனச்ச?"

தாவோ தொப்பியை மாட்டிக்கொண்டு போனாள்.

நீல மூடி ஜாடி என்றால் அந்த வீட்டில் இறால் விழுது. உப்பில் புளிக்கவைத்து அரைத்தது. ஊதா நிறம். திறந்தால் தெரு முனைவரை வாசனை போகும். அசல் பூன் போவுக்கு அதுதான் உயிர். சைவ பூன் போவில் அதற்கு வேலையே இல்லை. கியெமுக்கும் அது தெரியும்.

அடுப்பைப் பற்றவைத்தார். அன்னாசி, கேரட், முள்ளங்கி, சோளம், கரும்புத் துண்டு எல்லாவற்றையும் போட்டுக் கொதிக்கவிட்டார். ருசி பார்த்தார். இனித்தது. உப்பு போட்டார். இப்போது பாயசத்தில் உப்புப் போட்ட மாதிரி இருந்தது. இன்னும் உப்பு போட்டார். கடற்கரையில் கால் தடுக்கி விழுந்தவன் குடித்த தண்ணீர் போல ஆனது. தண்ணீர் ஊற்றினார். சாறு பானையின் விளிம்பைத் தொட்டது. பெரிய பானைக்கு மாற்றினார். காளான் போட்டார். எலுமிச்சைப்புல்லைக் கட்டுக்கட்டாக நசுக்கிப் போட்டார். மறுபடியும் உப்புக் குறைந்தது. மறுபடியும் கூடியது. கடைசியில் புத்தாண்டுக்கு அரிசிப் பணியாரம் அவிக்கிற அண்டாவைப் பரணிலிருந்து இறக்கவேண்டியதாயிற்று. ஒரு படைப்பிரிவுக்குப் போதுமான சாறு இருந்தது. ருசி மட்டும் இல்லை.

சுவருக்கு மேலே தின்னின் தலை தெரிந்தது.

"அண்ணே, துணி வெளுக்கிறீங்களா?"

"பூன் போ வைக்கிறேன்டா."

"அதான் கேட்டேன். வாசனையே வரலையே."

"வரும். கொஞ்சம் பொறு."

ஒரு கரண்டி வாங்கிக் குடித்துப் பார்த்த தின், ரொம்ப நேரம் வானத்தைப் பார்த்தான்.

"என்னடா?"

"அண்ணி வைப்பாங்களே, குளிச்ச தண்ணின்னு சொன்னீங்களே. அது தேவலாம்ணே."

கியெமுக்கு முகம் சுருங்கிப்போனது. தின்னுக்கே பாவமாகிவிட்டது. குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"ஒரே ஒரு கரண்டி இறால் விழுது போட்டா, சாறு எழுந்து நின்னு சலாம் போடும்."

"வாயைக் கழுவுடா. பிக்குணிங்க சாப்பிடப்போறது."

"நான் ஒண்ணும் சொல்லலப்பா" என்று தின் இறங்கிவிட்டான். சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டுத்தான் இறங்கினான்.

கியெம் அண்டாவைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். வேறு சமையல் செய்ய நேரம் இல்லை. மேல் தட்டைப் பார்க்கவே கூடாது என்று தீர்மானித்தார். அதனால் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். இவ்வளவு பெரிய அண்டாவில் ஒரு கரண்டி எந்த மூலைக்கு? வாய்க்காலில் ஒரு மீன் செத்தால் வாய்க்கால் அசைவமாகிவிடுமா?

முக்காலி மேல் ஏறினார். மூச்சைப் பிடித்துக்கொண்டு, வாசலையே பார்த்தபடி, ஜாடியைத் திறந்து ஒரு கரண்டி அள்ளிப் போட்டுக் கலக்கினார். கொஞ்சம் ஊற்றிக் குடித்தார்.

உயிர் வந்துவிட்டது. சாற்றுக்கும், கியெமுக்கும். "இதுதான் சாறு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "காய்கறியில இது வருமா? ஜென்மத்துக்கும் வராது." அந்தச் சந்தோஷத்திலேயே இன்னும் இரண்டு கரண்டி போட்டார்.

அப்போது வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

லியெனக்கா தனியாக வரவில்லை. மடத்திலேயே மூத்தவரான தாம் அம்மாவும் வந்திருந்தார். உருகின மெழுகுவர்த்தி போல ஒரு கிழவி. காது சுத்தமாகக் கேட்காது. முகத்தில் எப்போதும் சிரிப்பு.

"வாசல்லேயே மணக்குதே" என்றார் லியெனக்கா. "மடத்துக்குப் போறதுக்கு முன்னாடி எங்கம்மா சமையல்ல அடிச்ச வாசனை. கியெம், நீங்களேவா செஞ்சீங்க?"

"ஏதோ, முடிஞ்சவரைக்கும்" என்றார் கியெம். பிறந்ததிலிருந்து முதல் தடவையாகப் பெயருக்கேற்றபடி நடந்துகொண்டார்.

தாவோ நாலு கிண்ணத்தில் நூடுல்ஸ் வைத்துச் சாறு ஊற்றினாள். எண்ணெயில் பொரித்த சோயாக்கட்டியும் புதினாவும் மேலே மிதந்தன. லியெனக்கா கைகூப்பிக் கண்ணை மூடினார். உதடுகள் மெல்ல அசைந்தன. பெற்ற அம்மாவை நினைத்துத்தான் வேண்டுகிறார் என்பது பார்த்தாலே தெரிந்தது. அந்த அமைதியான முகத்தைப் பார்க்கப் பார்க்கக் கியெமின் முதுகில் வியர்வை ஓடியது. இந்த அம்மாள் இத்தனை வருஷமாகக் காப்பாற்றி வந்ததை, ஒரு சீட் தைக்கிறவன், தன் வாய்க்கொழுப்பைக் காப்பாற்றிக்கொள்வதற்காகக் கெடுத்துவிட்டானே.

"தாவோ, சாறு ஆறிப்போச்சு. கொண்டா, சூடு பண்றேன்."

"ஆவி பறக்குது. உக்காருங்க."

"கல்லு கெடந்தாலும் கெடக்கும். வடிகட்டிக் கொண்டுவரேன்."

"கல்லு எங்க இருந்து வரும்? அக்கா கும்பிடறாங்க, பேசாம இருங்க."

"இல்ல, ஈ ஒண்ணு..."

லியெனக்கா கண்ணைத் திறந்தார். கரண்டியை எடுத்தார். அது கிண்ணத்துக்குள் இறங்குவதற்கு முன், கியெமின் கை கிண்ணத்தின் மேல் பாய்ந்து மூடியது. அவசரத்தில் நாலு விரல்களும் கொதிக்கிற சாற்றுக்குள் போயின.

"சாப்பிடாதீங்க அக்கா" என்றார். "அதுல இறால் விழுது போட்டிருக்கேன். மூணு கரண்டி. சாறு நல்லா வரல. வாயை விட்டுட்டேனேன்னு போட்டுட்டேன். என்னை என்ன வேணா சொல்லுங்க, ஆனா சாப்பிடாதீங்க."

சுவருக்கு மேலே தெரிந்த தின்னின் தலை சத்தமில்லாமல் கீழே போனது.

அதே நேரம் சர்ரென்று ஒரு சத்தம். எல்லோரும் திரும்பினார்கள். தாம் அம்மா தன் மந்திரத்தை எப்போதோ முடித்துவிட்டு, நூடுல்ஸையும் முடித்துவிட்டு, கிண்ணத்தை இரண்டு கையாலும் தூக்கிக் கடைசிச் சொட்டை உறிஞ்சிக்கொண்டிருந்தார். கிண்ணத்தை இறக்கி, சிரித்து, தாவோவிடம் நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் ஊத்தும்மா."

கியெம் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. விரல் சுட்டதற்கா, செய்த பாவத்துக்கா என்று அவருக்கே தெரியவில்லை.

தாவோ அமைதியாகக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள். "எந்த ஜாடி?" என்று கேட்டாள்.

"மேல் தட்டு. நீல மூடி."

"அதுவா?" என்று சொல்லிவிட்டுத் தாம் அம்மாவுக்குச் சாறு ஊற்றினாள். "அது புளிக்கவெச்ச சோயாவும் கடல்பாசியும். செவப்பரிசி சேத்து நான்தான் அரைச்சேன். இறால் விழுது ஜாடி தின் வீட்டுல இருக்கு. அவன் பொண்டாட்டிகிட்ட குடுத்து வெச்சிருக்கேன். நீங்க சாப்பிடுங்க அக்கா."

கியெம் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. அந்தத் தெருவில் யாரும் அதுவரை பார்த்திராத காட்சி அது.

லியெனக்கா முதலில் தங்கையைப் பார்த்தார். பிறகு கியெமின் சிவந்த விரல்களைப் பார்த்தார். தோள்கள் குலுங்கின. பிக்குணிகள் அப்படிச் சிரிக்கலாமா என்பது தெரியாது, அவர் சிரித்தார். பிறகு ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய் குடித்தார்.

"ரொம்ப நல்லா இருக்கு கியெம்" என்றார். "விரலுக்கு மருந்து போட்டுக்கோங்க. அடுத்த பௌர்ணமிக்கு மடத்துல எல்லாரையும் கூட்டிட்டு வரேன். நீங்களே வைங்க."

அண்டாவில் மீந்ததைத் தெருவே வந்து குடித்தது. தின் இரண்டு கிண்ணம் குடித்துவிட்டு, உண்மையான இறால் விழுது போட்டால்தான் இப்படி வரும் என்று கியெமின் காதில் சொல்லிக் கண்ணடித்தான். கியெம் அவனைத் திருத்தவில்லை. திருத்தினால் தன் நாக்கின் கதையையும் சொல்லவேண்டிவரும்.

பிக்குணிகளை அனுப்பிவிட்டு வந்த தாவோ, கியெமின் விரல்களை மடியில் வைத்துக்கொண்டு மருந்து தடவினாள்.

"வலிக்குதா?"

"வலிக்குது. என்னைச் சோதிச்சுப் பாத்தியா?"

"சோதிக்கவெல்லாம் இல்ல. ஒரு பௌர்ணமியாவது அடுத்தவங்க சமைச்சு, நான் உக்காந்து சாப்பிடணும்னு ஆசையா இருந்துச்சு. நீங்க வெச்சா சாறு எப்படி வரும்னு தெரியும். உங்க கை எங்க போகும்னும் தெரியும்."

"தொடாதீங்கன்னு சொன்னியே?"

"சொன்னாத்தானே எடுப்பீங்க."

கியெம் மேல் தட்டை நிமிர்ந்து பார்த்தார். "நான் சொல்லாம இருந்திருந்தா?"

"சொல்லுவீங்கன்னு தெரியும்" என்றாள் தாவோ, விரலை ஊதிவிட்டபடி. "விரலைச் சுட்டுக்குவீங்கன்னுதான் தெரியாமப் போச்சு."

அதைக் கேட்டதும் கியெமுக்கு உள்ளே ஏதோ இளகியது. மடத்துப் பிக்குணிகள் எல்லோருக்கும் சமைக்கவேண்டிய அடுத்த பௌர்ணமி கண்முன் வந்து நின்றது. பிறந்ததிலிருந்து யாரிடமும் கேட்காத ஒன்றை அவளிடம் கேட்டார்.

"தாவோ, அந்த விழுதை எப்படி அரைக்கிறதுன்னு எனக்குச் சொல்லித் தரியா?"

"அதெல்லாம் எதுக்கு உங்களுக்கு?" என்றாள் தாவோ. "நீங்க எப்பவும்போலத் திருடுங்க. எதை எங்க வைக்கணும்னு நான் பாத்துக்கறேன்."